எலுமிச்சை இஞ்சித் தேநீர்: யாருக்கு, எவ்வளவு, எப்படி?

கம்பம் பள்ளத்தாக்கில் தேநீர் என்றால் பெரும்பாலும் பால் கலந்த தேநீரையே குறிக்கும். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர்கள் மலைக்கு அப்பாலிருந்து ‘கட்டன் சாயா’வையும் பழகி வந்திருக்கின்றனர். பாலில்லாத அந்தத் தேநீரில் ஒரு துண்டு இஞ்சியும் சில துளி எலுமிச்சைச் சாறும் சேர்ந்துவிட்டால், நம் வீடுகளில் அது பானம் என்ற நிலையைக் கடந்து மருந்து என்ற மதிப்பைப் பெற்றுவிடுகிறது. சளி பிடித்தவருக்கும், காய்ச்சலில் வாய் கசந்தவருக்கும், மாத்திரை விழுங்கிக் குமட்டுபவருக்கும் அதையே கொடுக்கிறோம். நோயாளியுடன் தங்கியிருப்போர் அடிக்கடி எழுப்பும் வினாவும் இதுதான்: ‘இஞ்சி டீ கொடுக்கலாமா?’ பெரும்பாலோர்க்குக் கொடுக்கலாம். சிலருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். ஒரு சிலருக்குக் கொடுக்கவே கூடாது. அந்த ஒரு சிலர் யாவர் என்பதை அறிந்துகொள்வதற்காகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

முதலில் செய்முறை. ஒரு டம்ளர் தேநீருக்கு ஒன்றேகால் டம்ளர் நீர் வேண்டும். கொதிக்கையில் கால் பங்கு வற்றும். கட்டைவிரல் நுனியளவு, அதாவது ஏறத்தாழ 5 கிராம் இஞ்சியைக் கழுவித் தோல் சீவி நசுக்கிக்கொள்ளுங்கள். நறுக்குவதைவிட நசுக்குவதே மேல்; சாறு எளிதில் நீரில் இறங்கும். இஞ்சியை நீரிலிட்டு மூடி, சிறு தீயில் 5 நிமிடம் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்துவிட வேண்டும். அதன் பிறகே அரைத் தேக்கரண்டித் தேயிலையைப் போட்டு 2 நிமிடம் மூடி வைக்க வேண்டும். தேயிலையைக் கொதிக்கவிட்டால் துவர்ப்பு மிகும். பாலில்லாத தேநீரில் அத்துவர்ப்பை மறைக்க வேறொன்றும் இல்லை. ஏலக்காய் ஏலம் போகும் போடிநாயக்கனூரை அருகில் வைத்துக்கொண்டு அதைத் தவிர்ப்பானேன்? ஒரு காயை நசுக்கித் தேயிலையுடன் சேர்க்கலாம். மேகமலைத் தேயிலை கிடைத்தால் இன்னும் நன்று.

வடிகட்டிய தேநீர், டம்ளரைக் கையில் பிடிக்கக்கூடிய சூட்டிற்கு வந்தபின் அரை எலுமிச்சையின் சாற்றைப் பிழிந்துவிடுங்கள். விதைகள் விழுந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். அவை ஊறினால் கசக்கும். சாறு பட்டதும் தேநீரின் கருஞ்சிவப்பு வெளிறிப் பொன்னிறமாகும். தேயிலையின் நிறப்பொருள்கள் புளிப்பில் நிறம் குறைவதால் நிகழும் மாற்றமே அது. தேநீர் நீர்த்துப்போய்விட்டது என்று எண்ண வேண்டாம்.

பாத்திரத்தைப் பற்றியும் ஒரு சொல். எலுமிச்சைச் சாறு கலந்த எதையும் ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் வைக்கக் கூடாது; புளிப்பு அவ்வுலோகத்தைக் கரைத்து வயிற்றுக்குள் அனுப்பும். அலுமினியமும் இதற்கு ஏற்றதன்று. எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் ஆகியவை போதும்.

எலுமிச்சையைக் கொதிநீரில் இடலாகாது என்பதன் பின்னே ஒரு பழைய வரலாறு உண்டு. 1747ஆம் ஆண்டு மே மாதம், ஆங்கிலேயக் கடற்படையின் சாலிஸ்பரி கப்பலில் மருத்துவராயிருந்த ஜேம்ஸ் லிண்ட், ஸ்கர்வி நோயால் ஈறு வீங்கிச் சோர்ந்து கிடந்த 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து ஆறு வகைச் சிகிச்சைகள் அளித்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து தேறினர். ஆயினும் கதை அங்கே முடியவில்லை. 19ஆம் நூற்றாண்டில் அக்கடற்படை, மத்தியதரைக் கடற்பகுதியின் பெரிய எலுமிச்சைக்குப் பதிலாக மேற்கிந்தியத் தீவுகளின் சிறு எலுமிச்சைச் சாற்றுக்கு மாறியது. அச்சாற்றில் வைட்டமின் சி குறைவு. காற்றும் செம்பும் பட்டு இருந்ததும் சிதைந்தது. 1875இல் வடதுருவம் நோக்கிச் சென்ற கடற்படைப் பயணக்குழுவில் ஸ்கர்வி மீண்டும் தலைகாட்டியது. நாம் அன்றாடம் பயன்படுத்தும் எலுமிச்சையும் அந்தச் சிறு எலுமிச்சை இனத்தைச் சேர்ந்ததே. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 எலுமிச்சையும் இவ்வினத்ததே. ஆகவே, ஆறிய தேநீரில் பிழிந்தால் வைட்டமின் சி ஓரளவு தங்கும். ஆனால் அரைப் பழத்திலிருந்து கிடைப்பது சிறிதளவே. வைட்டமின் சி வேண்டுமென்றால் ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ இத்தேநீரைவிடப் பன்மடங்கு தரும்.

இஞ்சியின் பயன் வேறு வகையானது. அதன் காரத்திற்குக் காரணமான ஜிஞ்சரால் என்னும் பொருள் குமட்டலைத் தணிக்க உதவுகிறது. கருவுற்ற மகளிரின் காலைக் குமட்டலில் இஞ்சி ஓரளவு பயன் தருவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அவற்றுள் பல, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கிராம் இஞ்சித் தூளைக் கொண்டே நடந்தன. பச்சை இஞ்சியில் ஐந்தில் நான்கு பங்கு நீர். எனவே மேலே சொன்ன 5 கிராம் பச்சை இஞ்சி, 1 கிராம் உலர்ந்த இஞ்சிக்கு ஏறக்குறைய நிகர். நாளொன்றுக்கு இரண்டு டம்ளருக்கு மேல் போக வேண்டியதில்லை. கருவுற்றோர் இதையும் தம் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும். சுக்கில் ஜிஞ்சராலின் ஒரு பகுதி இன்னும் காரமான ஷோகாலாக மாறியிருக்கும். அதனால்தான் சிறு துண்டுச் சுக்கும் தொண்டையை எரிக்கிறது. சுக்கைப் பயன்படுத்துவோர் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, எவருக்குக் கூடாது என்பது. பக்கவாதம் வந்து சில நாள்களே ஆனவருக்கு, விழுங்கும் திறனை மருத்துவக் குழு சோதித்து அனுமதிக்கும் வரை ஒரு வாய்கூட ஊற்றக் கூடாது. நீர்த்த பானம் உணவுக்குழாயில் செல்வதற்குப் பதிலாக மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். சிலருக்கு இருமல்கூட வராமலே இது நிகழ்ந்துவிடும். ‘தொண்டை காய்ந்திருக்கிறதே, பாவம்’ என்று அன்பினால் ஊற்றப்படும் இரண்டு கரண்டித் தேநீர் உயிருக்கே உலையாகலாம். அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பவருக்கும் இவ்வாறே. எந்நேரம் வரை எதைக் குடிக்கலாம் என்று சொல்லப்பட்டதோ அதை மீறலாகாது.

சிறுநீரகச் செயலிழப்பால் டயாலிசிஸ் செய்துகொள்வோர், தேநீரையும் நீர்க்கணக்கில் சேர்க்க வேண்டும். நாளொன்றுக்கு ஒரு லிட்டர் என்று வரையறுக்கப்பட்டவருக்கு 200 மில்லி டம்ளர் ஒன்று ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். கோடையில் இவர்கள் படும் தாகம் கடுமையானது. அத்தகையோர்க்குத் தேநீரைவிட, ஒரு மெல்லிய எலுமிச்சைத் துண்டை நாவில் வைத்துக்கொள்வது ஆறுதல் தரும்.

வார்ஃபரின் போன்று இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள் உட்கொள்வோர் இஞ்சியை நாள்தோறும் மிகுதியாகப் பருகுவதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். சமையலில் சேரும் இஞ்சிக்கு அஞ்ச வேண்டியதில்லை. நெஞ்செரிச்சலும் குடற்புண்ணும் உள்ளவர்க்கு இஞ்சியும் புளிப்பும் சேர்ந்து எரிச்சலை மிகுவிக்கலாம். புற்றுநோய்ச் சிகிச்சையால் வாயில் புண் வந்தவர்க்கு எலுமிச்சையை விட்டுவிடுங்கள்.

நீரிழிவு உள்ளோர் வெல்லமோ தேனோ சர்க்கரையைவிடத் தீங்கற்றவை என்று கருதுவது பரவலான தவறு. மூன்றும் இரத்தச் சர்க்கரையை உயர்த்துவனவே. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கலந்த எதையும் தரக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகள் அக்குடலில் முளைத்து நரம்புகளைத் தளர்த்தும் நஞ்சை உண்டாக்க வல்லவை.

இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை உட்கொள்ளும் பெண்கள் நம் பகுதியில் பலர். தேயிலையின் துவர்ப்புப் பொருள் இரும்புச்சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கிறது. எலுமிச்சையின் வைட்டமின் சி அதற்குத் துணைசெய்கிறது. ஆகவே இவர்கள் தேயிலையை நீக்கிவிட்டு, இஞ்சி கொதித்த நீரில் எலுமிச்சை மட்டும் பிழிந்து பருகுவது தகும். தேநீரே வேண்டுமென்றால் மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். தைராய்டு மாத்திரையை வெறும் நீருடன் மட்டுமே விழுங்க வேண்டும்.

ஆவி பறக்கக் குடிப்பதில் பெருமை கொள்வோர் உளர். 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் பருகும் பானங்களை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியது. சற்றே ஆறட்டும். குடித்தபின் வாயை நீரால் கொப்பளியுங்கள். உடனே பல் துலக்க வேண்டாம், புளிப்பில் இளகிய பற்சிப்பி தேயும்.

சளிக்கும் தொண்டை வலிக்கும் இத்தேநீர் இதமளிக்கும், நோயைக் குணப்படுத்தாது. இருமல் இரண்டு வாரம் நீடித்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அது கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. வயிற்றுப்போக்கில் இழந்த உப்பை இத்தேநீர் ஈடுசெய்யாது; அதற்கு ஓ.ஆர்.எஸ். கரைசலே வேண்டும்.

வீட்டிலிருந்து வார்டுக்குக் கொண்டுவருவோர், இஞ்சி கொதித்த நீரை மட்டும் பிளாஸ்க்கில் எடுத்து வாருங்கள். எலுமிச்சைச் சாற்றைச் சிறு கண்ணாடிப் புட்டியில் தனியே வைத்து அன்றே பயன்படுத்திவிட வேண்டும். டம்ளரில் ஊற்றுவதற்கு முன், படுக்கையருகே பணியிலிருக்கும் செவிலியரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.