மறைத்து வைத்த இன்னொரு குடும்பம்
(சட்டமும் வாழ்வும்)

கோவலன் மாதவியிடம் சென்றது புகார் நகரம் அறிந்த செய்தி. கண்ணகியும் அதை அறிந்திருந்தாள். அறிந்திருந்ததனால், திரும்பி வந்த கணவனோடு மதுரைக்குப் புறப்படுவதா வேண்டாமா என்ற முடிவு அவள் கையில் இருந்தது. நாம் இங்கே காணவிருப்பது அதனினும் கொடியது. ஒரு குடும்பம் இருப்பதே இன்னொரு குடும்பத்துக்குத் தெரியாமல் நடத்தப்படும் இரட்டை வாழ்க்கை.

பிழைப்புக்காக ஊர்விட்டு வந்தவர்கள் நாம். வேலை ஓரிடம், மனைவி மக்கள் ஓரிடம் என்று பல ஆண்டுகளைக் கழித்தவர்கள் நம்மில் அநேகர். பெரும்பாலோர் அந்தக் காலத்தை நேர்மையாகவே கடந்திருக்கிறார்கள். ஒரு சிலர் மட்டும் இந்தத் தூரத்தைத் திரையாக்கிக் கொள்கின்றனர். பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை என்று ஊருக்கு ஒரு பொய். ஆபீஸ் வேலையாகச் சென்னை போகிறேன் என்று இங்கே ஒரு பொய். கடைசியில் அவர் கண்மூடிய பிறகு, ஒரே மனிதரின் இறப்புச் சான்றிதழோடு இரண்டு பெண்கள் ஓய்வூதியம் கேட்டு ஒரே அலுவலகத்தில் நிற்கிறார்கள். பதில் சொல்ல வேண்டியவர் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்துக்களிடையே இருதார மணத்தை பம்பாய் மாகாணம் 1946-லும் சென்னை மாகாணம் 1949-லும் தடை செய்தன. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் அதை நாடு முழுமைக்கும் ஆக்கியது. கிறித்தவர்களுக்கும், சிறப்புத் திருமணச் சட்டப்படி மணந்தவர்களுக்கும் ஒருதார மணமே விதி. முஸ்லிம் தனிச்சட்டம் வேறு என்பதால் அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

தண்டனை பற்றிய விதி முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 494, 495 பிரிவுகளில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆவது பிரிவாக உள்ளது. கணவனோ மனைவியோ உயிரோடிருக்க மறுமணம் செய்தால் 7 ஆண்டு வரை சிறை. முதல் மணத்தைப் புதிதாக மணப்பவரிடம் மறைத்துச் செய்தாலோ 10 ஆண்டு வரை சிறை. ஆண், பெண் இருவருக்கும் இது பொருந்தும். செய்த குற்றத்தைவிட, அதை மறைத்தது பெரிய குற்றம் என்று சட்டமே கருதுகிறது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

மதம் மாறி மறுமணம் செய்தால் தப்பிக்கலாம் என்று எண்ணியவர்களும் உண்டு. முதல் மணம் முறிக்கப்படாதவரை அதுவும் குற்றமே என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் தீர்ப்பளித்தது. 2000-ல் அதை மீண்டும் உறுதி செய்தது.

ஆனால் நடைமுறையில் இடர்ப்பாடு உண்டு. இரண்டாவது மணம் முறையான சடங்குகளோடு நடந்ததென்று நிரூபித்தால்தான் இருதார மணக் குற்றம் நிற்கும் என்பது 1965-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. சடங்கில்லாமல் சேர்ந்து வாழ்பவர் இதனால் தப்பிவிடுகிறார். தகாத உறவைத் தண்டித்த 497-ஆவது பிரிவும் 2018-ல் செல்லாததாகிவிட்டது. எனினும் அத்தகைய உறவு விவாகரத்துக்கு உரிய காரணமாக இன்றும் உள்ளது.

ஏமாந்தவர்களின் நிலை

சட்டத்தின் முன் முதல் மனைவியே மனைவி. இரண்டாவது மணம் செல்லாது. ஒன்றும் அறியாமல் மணந்த அந்தப் பெண்ணுக்கு இது பேரிடி. முதல் மணத்தை மறைத்து ஏமாற்றியவர், 'இவள் என் மனைவியே அல்ல' என்று சொல்லி ஜீவனாம்சத்திலிருந்து தப்ப முடியாது என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது அவளுக்குச் சற்று ஆறுதல். ஆனால் குடும்ப ஓய்வூதியத்தில் அவளுக்கு உரிமையில்லை. பீகார் அரசு ஊழியர் ஒருவரின் வழக்கில் 2000-ல் வந்த தீர்ப்பு, இரண்டாவது பெண்ணுக்கு ஓய்வூதியத்தை மறுத்து, அவளுடைய பிள்ளைகளுக்கு மட்டும் வயது வரும்வரை பங்கு தந்தது.

பிள்ளைகள் குற்றமற்றவர்கள் என்பதைச் சட்டமும் ஏற்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 16-ஆவது பிரிவுப்படி அவர்கள் சட்டப்படியான பிள்ளைகளே. தாய் தந்தையரின் சொத்தில், கூட்டுக்குடும்பச் சொத்தில் தந்தைக்கு விழும் பாகம் உட்பட, அவர்களுக்குப் பங்குண்டு என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

பணத்தைப் பங்கிடச் சட்டம் உண்டு. பாழாய்ப்போன வருடங்களைத் திருப்பித்தர எந்தக் கோர்ட்டாலும் ஆகாது. மகளின் காதுகுத்துக்கு அவர் வராதது வேலையினாலா? 'கையில் காசில்லை' என்று மகனின் படிப்பை நிறுத்தியபோது அந்தக் காசு எங்கே போயிற்று? ஏமாந்தவள் பழைய நினைவுகள் ஒவ்வொன்றையும் மறுபடி எடுத்துப் பார்க்கிறாள். போதாததற்கு, 'இத்தனை நாள் தெரியாமலா இருந்தாய்?' என்று உறவினர் கேட்கிறார்கள். நம்பியது அவள் குற்றமல்ல. தெரிந்திருந்தால் சேர்ந்து வாழ்வதா, பிரிவதா, பிள்ளைகளோடு தாய்வீடு போவதா என்று அவள் தீர்மானித்திருப்பாள். அந்த உரிமையைத்தான் அவர் பறித்துக்கொண்டார்.

நாம் செய்யக்கூடியவை

1. வெளியூர் வரன் என்றால் அலுவலகத்திலும் குடியிருப்பிலும் நேரில் விசாரியுங்கள். சம்பளத்தை மட்டும் கேட்டுத் திரும்பாதீர்கள்.

2. திருமணத்தைத் தவறாமல் பதிவு செய்யுங்கள். பதிவைக் கட்டாயமாக்குமாறு 2006-லேயே உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

3. சேமநல நிதியில் திருமணத்துக்கு முன் எழுதிய நியமனம் மணமானதும் செல்லாது. புதிதாக எழுதப்பட்டதா என்று மனைவியும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

4. திருமண அழைப்பிதழ், புகைப்படம், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். வழக்கென்று வந்தால் இவையே சாட்சி.

5. மனைவி நேரில் வர இயலாவிட்டால் அவள் சார்பில் பெற்றோர், உடன்பிறந்தோர், மகன், மகள் புகார் தரலாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவி பெற 1987-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்துள்ளது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணையத்தை அணுகலாம்.

கடைசியாக ஒன்று. இத்தகைய விஷயங்கள் அக்கம்பக்கத்தில் யாருக்கேனும் தெரிந்தே இருக்கும். 'நமக்கேன் வம்பு' என்று ஒதுங்கிவிடுகிறோம். வதந்தி பரப்பச் சொல்லவில்லை. ஆனால் மகளுக்கு வரன் பார்க்கும் ஒருவர் நம்மிடம் வந்து நேரடியாகக் கேட்கும்போது, தெரிந்ததை மறைத்தால் அந்தப் பொய்யில் நமக்கும் பங்கு வந்துவிடுகிறது. ஊரைவிட்டு இத்தனை தூரம் வந்த இடத்தில் ஒரு பெண்ணைப் பெற்றவருக்கு விசாரிக்க நம்மைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?