இரண்டு அலைகளின் உறவில் பிறக்கும் ஓசை

ஒலியைப் பற்றிப் பேசும் இயற்பியல் நூல்கள் அதற்குச் சுருதி, உரப்பு, பண்பு என மூன்று இயல்புகளை வகுத்துரைக்கும். ஒரு நொடியில் எத்தனை அதிர்வுகள் என்பது சுருதியையும், அதிர்வின் வீச்சு உரப்பையும் தீர்மானிக்கின்றன. இவ்விரண்டையும் எண்ணால் அளந்துவிடலாம். மூன்றாவதாகிய பண்போ அத்துணை எளிதில் பிடிபடுவதன்று. ஒரே சுருதியில் ஒரே உரப்பில் ஒலித்தாலும் வீணையை வீணை என்றும் நாதசுரத்தை நாதசுரம் என்றும் செவி பிரித்தறிகிறதே, அவ்வேறுபாடு பண்பினால் அமைவது. அடிப்படைச் சுரத்தோடு உடன்பிறக்கும் மேற்சுரங்கள் எவை, ஒவ்வொன்றின் வலிமை எவ்வளவு, அவ்வலிமை காலப்போக்கில் எவ்வாறு மாறுகிறது என்பவற்றின் கூட்டுவிளைவே பண்பு எனலாம்.

மின்னணு இசைக்கருவியை ஆக்கப் புகுந்தோர் எதிர்கொண்ட பெருஞ்சிக்கல் இங்குதான் இருந்தது. மின்சுற்றிலிருந்து சுருதியைப் பெறுவது எளிது. அசைவும் மாற்றமும் உடைய பண்பைப் பெறுவது அரிது. இயந்திர ஓசைக்கு உயிர் இல்லை என்று இசையறிந்த பெரியோர் கூறும் குறை காரணமற்றதன்று. மாறாத மேற்சுரங்களோடு நீளும் ஓசை செவியை விரைவில் சலிக்கச் செய்கிறது. இக்குறைக்கு விடையாக எழுந்த கருவிகளுள் ஒன்று ‘காம்ப்ளெக்ஸ் ஆசிலேட்டர்’ எனப்படும் கூட்டு அலையியற்றி. அது ஓசையை உருவாக்கும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

செதுக்கும் முறையும் பெருக்கும் முறையும்

1964-ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தில் இராபர்ட் மூக் உருவாக்கிய சிந்தசைசர் பலரும் அறிந்தது. அவர் முறையில் தொடக்கத்திலேயே மேற்சுரம் நிறைந்த அலையொன்று எடுத்துக்கொள்ளப்படும். இரம்பப்பல் அலை அத்தகையது. அடிப்படைச் சுரத்தின் வலிமை 1 எனின், இரண்டாவது 1/2, மூன்றாவது 1/3 எனக் குறைந்துகொண்டே எல்லா மேற்சுரங்களும் அதில் உண்டு. பின்னர் வடிகட்டி என்னும் சுற்று வேண்டாதவற்றை நீக்கும். சிற்பி கல்லைச் செதுக்குவது போன்றது இது. மனிதப் பேச்சும் ஏறத்தாழ இவ்வாறே நிகழ்கிறது. உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றால் வெவ்வேறு எழுத்தாகிறது என்று தொல்காப்பியப் பிறப்பியல் கூறுவதைத் தமிழ் மாணவர்கள் இங்கு நினைவுகூரலாம்.

கலிபோர்னியாவின் பெர்க்கிலி நகரில் வாழ்ந்த டொனால்டு பூக்லா (1937–2016) வேறு வழியில் சிந்தித்தார். 1962-இல் சான் பிரான்சிஸ்கோவில் தோன்றிய ஒலிநாடா இசை மையத்தைச் சேர்ந்த மார்டன் சபோட்னிக், இரமோன் செண்டர் ஆகிய இசைப் படைப்பாளர்கள் புதிய கருவி ஒன்று வேண்டி அவரை நாடினர். அவர் ஆக்கியளித்த கருவியில் பியானோவைப் போன்ற கட்டை வரிசை இல்லை; விரல் தொடுவதை உணரும் உலோகத் தகடுகளே இருந்தன. பழகிய கட்டைகளைக் கண்டதும் கை பழைய இசையையே தேடிச் செல்லும் அன்றோ? வணிக நோக்கில் இத்துணிவு அவருக்கு நட்டமே. மூக் பெற்ற புகழை அவர் கருவிகள் பெற்றதில்லை. ஆயினும் அக்கருவியைக் கொண்டு சபோட்னிக் 1967-இல் ஆக்கிய ‘சில்வர் ஆப்பிள்ஸ் ஆஃப் த மூன்’ என்னும் இசைத்தட்டை, அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பின்னாளில் பாதுகாக்கத்தக்க ஒலிப்பதிவுகளின் பட்டியலில் சேர்த்தது.

1970-களில் வெளிவந்த பூக்லாவின் 200 வரிசைக் கருவிகளுள் 259 என்னும் எண்ணுடைய பகுதியே கூட்டு அலையியற்றிகளுக்கெல்லாம் முன்மாதிரி. எளிய அலையொன்றில் தொடங்கி மேற்சுரங்களை மூலத்திலேயே பெருக்குவது இதன் நெறி. ஒரே பலகையில் இரண்டு அலையியற்றிகள் அமைந்துள்ளன. நாம் கேட்பது முதன்மை அலையியற்றியை. மற்றொன்று அதனை ஆட்டுவிப்பது.

எண்ண முடியாத நடுக்கம்

ஆட்டுவிக்கும் அலை முதன்மை அலையின் சுருதியை நொடிக்கு 6 முறை ஏற்றி இறக்கினால், பாடகரின் குரல் நடுக்கம் போன்ற ஓசை கேட்கும். ஒவ்வோர் அசைவையும் செவி தொடர்ந்து செல்லும். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால், நொடிக்கு 20, 30 என்னும் அளவைத் தாண்டுகையில் வியத்தகு மாற்றம் நிகழ்கிறது. நடுக்கம் மறைந்துவிடுகிறது. அதனிடத்தில் புதிய பண்புடைய ஒற்றை ஓசை தோன்றுகிறது. ஏற்ற இறக்கம் நின்றுவிடவில்லை. செவிதான் அதனை அசைவாக உணர்வதை விட்டுப் பண்பாக உணரத் தொடங்கிவிட்டது!

பண்பலை வானொலியின் அடிப்படையும் இதே அதிர்வெண் பண்பேற்றமே. ஆனால் வானொலியில் ஊர்தி அலை செவிக்கு எட்டாத மிக உயர்ந்த அதிர்வெண் உடையது; இங்கோ இரண்டு அலைகளும் செவியின் எல்லைக்குள் உள்ளன. அதனால் வானொலியில் மறைந்திருக்கும் பக்க அதிர்வெண்கள் இங்கு நேரடியாகக் கேட்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இரண்டும் சைன் அலைகள் எனவும், முதன்மை அலை 200 ஹெர்ட்ஸ், ஆட்டுவிக்கும் அலை 100 ஹெர்ட்ஸ் எனவும் கொள்வோம். 200-உடன் 100-ஐ மீண்டும் மீண்டும் கூட்டியும் கழித்தும் பெறும் 100, 300, 400, 500 ஆகிய அதிர்வெண்கள் தோன்றும். இவையனைத்தும் 100-இன் மடங்குகள். ஆதலின் செவி அவற்றை இணைத்து இனிய ஒரே சுரமாகக் கேட்கும். இப்போது ஆட்டுவிக்கும் அலையை 141 ஹெர்ட்ஸுக்கு மாற்றுவோம். 341, 59, 482 எனத் தோன்றுவனவற்றுக்குள் அத்தகைய எளிய உறவு இல்லை. கழித்தலில் 200–282 என எதிர்மதிப்பு வருமிடத்தில் அது 82 ஆகத் திரும்பி வந்து ஒலிக்கும். விளைவது மணியோசை அல்லது தட்டிய உலோகத்தின் ஓசை. ஆக, மணியா குழலா என்பதைத் தீர்மானிப்பது இவ்விரு அலைகளின் விகிதமே. ஆட்டத்தின் ஆழம் கூடக் கூடப் பக்க அதிர்வெண்கள் மேன்மேலும் வலிமை பெறும். சுருதிக்கு மாறாக வீச்சை மட்டும் ஆட்டினால், இரண்டும் சைன் அலைகளாயின், ஒரு கூட்டலும் ஒரு கழித்தலும் மட்டுமே கிடைக்கும். அது சற்றே வறிய முறை.

மடிக்கப்படும் அலை

259-இன் மற்றோர் உறுப்பு அலையை மடிக்கும் சுற்று. வீச்சு ஓர் எல்லையைத் தாண்டும்போது சாதாரணப் பெருக்கி அலையின் உச்சியை வெட்டிவிடும். ஒலிபெருக்கியை அளவுக்கு மீறி முடுக்கினால் கேட்கும் கரகரப்பு அதுதான். மடிப்புச் சுற்றோ உச்சியை வெட்டாமல் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. விசிறி மடிப்பு வைத்த துணியைப் போல ஒரு மலை பல சிறு மலைகளாகிறது. வெவ்வேறு எல்லைகளில் இயங்கும் ஐந்து மடிப்புப் பிரிவுகளைப் பூக்லா இணையாக அமைத்துள்ளார். மேலும் கீழும் ஒத்தவாறு மடித்தால் 3, 5, 7 என ஒற்றைப்படை மேற்சுரங்களே எழும். கிளாரினெட்டின் கீழ்ச் சுரங்களில் மேலோங்கி நிற்பவையும் அவையே. சமச்சீரைச் சற்றுக் குலைத்தால் இரட்டைப்படை மேற்சுரங்களும் வந்து கலக்கும்.

மடிப்பின் அளவையும் மின்னழுத்தத்தால் மாற்றலாம் என்பதே இதன் சிறப்பு. ஆட்டுவிக்கும் அலையியற்றியையே அப்பணியில் அமர்த்தினால் ஓசை கணந்தோறும் உருமாறிக்கொண்டிருக்கும். இறுதியாக, ஒளி விளக்கும் ஒளியுணர் மின்தடையும் ஒரே உறைக்குள் அமைந்த வாயிற்சுற்று ஒன்றின் வழியே ஓசை வெளிவருவதுண்டு. மின்தடை மெல்லவே தன் பழைய நிலைக்குத் திரும்புவதால் உரப்பும் ஒளிர்வும் சேர்ந்தே தணியும். மரத்தைத் தட்டியது போன்ற இயல்பான ஓய்வு அதனால் கிடைக்கிறது.

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சவ்னிங் 1967-இல் இதே பண்பேற்றத்தைக் கணினியில் கண்டறிந்து 1973-இல் கட்டுரையாக வெளியிட்டார். அதனடிப்படையில் யமஹா நிறுவனம் 1983-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த டி.எக்ஸ்.7 உலகெங்கும் பரவியது. கணினியில் விகிதம் வழுவுவதில்லை. வெப்பத்தாலும் உறுப்புகளின் முதுமையாலும் பழைய மின்சுற்றுகளில் அது சிறிது சிறிதாக நழுவும். 2:1 என்று வைத்தது சற்றே பிசகும். பொறியியல் நோக்கில் இது பிழை. எனினும், முன் சொன்ன சலிப்பைப் போக்குவதில் இப்பிசகுக்கும் பங்குண்டு என்பதே என் எண்ணம்.

பூக்லாவின் கருவிகள் விலை மிக்கவை. ஆர்வமுள்ள மாணவர்கள் வி.சி.வி. ரேக் என்னும் மென்பொருளின் இலவசப் பதிப்பைக் கணினியில் நிறுவி இவற்றைச் செய்து பார்க்கலாம். இரண்டு அலையியற்றிகளை எடுத்து, ஒன்றை 200 ஹெர்ட்ஸில் நிறுத்தி, மற்றொன்றைக் கொண்டு அதன் சுருதியை நொடிக்கு 6 முறை அசையச் செய்க. பின்னர் அசைவுகளை எண்ணிக்கொண்டே வேகத்தை மெல்ல உயர்த்துக. எண்ண முடியாமற்போகும் இடத்தில் கையை நிறுத்திச் சற்று நேரம் கேட்டுப் பார்க்க.