வழி சொல்லும் பெட்டிக்கு என்ன தெரியும்?

2012ஆம் ஆண்டு மார்ச் மாதம். ஜப்பானிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குச் சுற்றுலா சென்றிருந்த மூன்று மாணவர்கள், பிரிஸ்பேன் நகரை அடுத்த கடற்கரையிலிருந்து நார்த் ஸ்டிராட்புரோக் என்னும் தீவுக்கு வாடகைக் காரில் புறப்பட்டார்கள். காரிலிருந்த ஜி.பி.எஸ். கருவி வழி சொல்லிக்கொண்டே வந்தது. கரைக்கும் தீவுக்கும் நடுவே இருப்பது மோர்ட்டன் விரிகுடா. அதன்மேல் பாலம் கிடையாது. கார்களை ஏற்றிச் செல்லும் படகில்தான் போக வேண்டும். ஆனால் கருவியின் திரையில் நடுவிலிருந்த நீரும் சேறும் தெரியவில்லை. கடல்நீர் இறங்கியிருந்த வேளை அது. ஈர மணலில் காரை இறக்கினார்கள். சிறிது தூரத்திலேயே சக்கரங்கள் புதைந்தன. நீர்மட்டம் ஏறத் தொடங்கியது. காரை அங்கேயே விட்டுவிட்டு மூவரும் கரை திரும்பினார்கள். நல்லவேளை, உயிருக்கு ஆபத்தில்லை. கார் பாழாயிற்று.

செய்தியைப் படித்தவர்கள் சிரித்தார்கள். மாணவ நண்பர்களே, நாம் சிரிப்பதற்கு முன் ஒன்றை யோசிப்போம். கார் எங்கே நிற்கிறது என்பதை அந்தக் கருவி சரியாகவே கணக்கிட்டிருக்கலாம். அப்படியானால் தவறு எங்கே நுழைந்தது? இதற்கு விடை காண வேண்டுமானால், அந்தப் பெட்டிக்கு உண்மையில் என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

கேட்கும் கருவி

"செயற்கைக்கோள் மேலிருந்து நம் காரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது" என்று பலர் எண்ணுகிறார்கள். இது தவறு. ஜி.பி.எஸ். செயற்கைக்கோளுக்கு உங்கள் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது வானொலி நிலையத்தைப் போன்றது, ஓயாமல் ஒலிபரப்புகிறது. காரிலுள்ள கருவி வானொலிப் பெட்டியைப் போல அதைக் கேட்கிறது. அவ்வளவுதான்.

அது ஒலிபரப்பும் செய்தியின் சாரம் இரண்டே விஷயங்கள்: "இப்போது என் நேரம் இது, நான் இருக்கும் இடம் இது."

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அமைத்த ஜி.பி.எஸ். அமைப்பின் முதல் செயற்கைக்கோள் 1978இல் ஏவப்பட்டது. 1995இல் அமைப்பு முழு நிறைவு பெற்றது. ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில், ஆறு சுற்றுத் தளங்களில், குறைந்தது 24 செயற்கைக்கோள்கள் பூமியைச் சுற்றி வரும்படி இது அமைக்கப்பட்டது. ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 12 மணிக்குச் சற்றுக் குறைவு. ரஷ்யா, ஐரோப்பா, சீனா ஆகியவையும் இத்தகைய அமைப்புகளை நிறுவியுள்ளன. நம் நாட்டின் நாவிக் அமைப்புக்கான முதல் செயற்கைக்கோளை இஸ்ரோ 2013இல் ஏவியது.

ரேடியோ அலை விநாடிக்கு ஏறத்தாழ 3,00,000 கி.மீ. வேகத்தில் செல்கிறது. தலைக்கு நேர் மேலே உள்ள செயற்கைக்கோளின் செய்தி நம்மை எட்ட ஆகும் நேரம்:

20,200 ÷ 3,00,000 = 0.067 விநாடி.

புறப்பட்ட நேரம் செய்தியிலேயே இருக்கிறது. வந்து சேர்ந்த நேரத்தைக் கருவி குறித்துக்கொள்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தொலைவு கிடைக்கும். ஆக, கருவி அளப்பது நேரத்தை மட்டுமே.

ஒரு சிறு சோதனை

தொலைவுகள் தெரிந்தால் இடம் தெரிவது எப்படி? உங்கள் அட்லசையும் கவராயத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். நண்பன் ஒருவனை வரைபடத்தில் ஏதேனும் ஓர் இடத்தை மனத்தில் நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த இடத்திலிருந்து மதுரை, திருச்சி, கோவை ஆகிய மூன்று ஊர்களும் எத்தனை சென்டிமீட்டர் என்று அவன் அளந்து சொல்லட்டும். ஒவ்வோர் ஊரையும் மையமாகக் கொண்டு அந்தந்த ஆரத்தில் வட்டம் வரையுங்கள். மூன்று வட்டங்களும் ஒரே புள்ளியில் சந்திக்கும். அதுதான் நண்பன் நினைத்த இடம்.

இப்போது சோதனையைச் சற்று மாற்றுவோம். நண்பனின் அளவுகோலின் முனை 1 செ.மீ. உடைந்து போயிருக்கிறது, அதைக் கவனியாமல் உடைந்த முனையை வைத்தே அளந்துவிட்டான். மூன்று அளவுகளும் 1 செ.மீ. கூடுதலாக இருக்கும். வட்டங்கள் ஒரு புள்ளியில் சந்திக்காமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, நடுவே ஒரு முக்கோண வடிவ இடைவெளியை விட்டு நிற்கும். உடைந்த நீளம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் மூன்றிலும் ஒரே அளவு பிழை என்பது தெரியும். எனவே மூன்று ஆரங்களையும் சிறிது சிறிதாக, ஒரே அளவில் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒரு கட்டத்தில் மூன்றும் ஒரு புள்ளியில் வந்து சேரும். இடமும் கிடைத்தது, அளவுகோலின் பிழையும் கிடைத்தது!

கருவி செய்வதும் இதையே. செயற்கைக்கோளில் இருப்பது விலை உயர்ந்த அணுக் கடிகாரம். காரிலுள்ள கருவியில் இருப்பது சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம். அதுதான் முனை உடைந்த அளவுகோல். அதன் நேரம் ஒரு மைக்ரோவிநாடி, அதாவது விநாடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு, தவறினாலே தொலைவில் 300 மீட்டர் பிழை ஏற்படும். ஆனால் அந்தப் பிழை எல்லாச் செயற்கைக்கோள்களுக்கும் பொதுவானது. தாளில் நீளம், அகலம், பிழை என மூன்று விடைகள் காண மூன்று வட்டங்கள் வேண்டியிருந்தன. வெளியில் உயரமும் சேர்வதால் நான்கு விடைகள்; ஆகவே நான்கு செயற்கைக்கோள்களாவது வேண்டும்.

அணுக் கடிகாரத்துக்கும் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கைப்படி, வேகமாக ஓடும் கடிகாரம் மெதுவாகும். ஈர்ப்பு குறைந்த உயரத்தில் உள்ள கடிகாரம் விரைவாகும். இரண்டும் சேர்ந்து, செயற்கைக்கோள் கடிகாரம் நாளொன்றுக்குச் சுமார் 38 மைக்ரோவிநாடி முந்திச் செல்கிறது. 38 × 300 = 11,400 மீட்டர். இதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் தொலைவுக் கணக்கு 11 கி.மீ.க்கு மேல் தவறிவிடும். எனவே ஏவும் முன்பே அக்கடிகாரங்களைச் சற்று மெதுவாக ஓடும்படி அமைத்துவிடுகிறார்கள்.

ஓட்டுநர்கள் கேட்பவை

இனி, இக்கருவியோடு நாள்தோறும் பழகும் ஓட்டுநர்களின் அனுபவங்களைப் பார்ப்போம்.

*"நீண்ட நாள் கழித்துக் கருவியைப் போட்டால் இடம் காட்ட ஏன் இத்தனை நேரம்?"* செயற்கைக்கோள் தன் இருப்பிட விவரங்களை விநாடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில் அனுப்புகிறது. ஒரு செயற்கைக்கோளின் விவரம் 30 விநாடிக்கு ஒருமுறை திரும்ப வரும். எல்லாச் செயற்கைக்கோள்களையும் பற்றிய முழுப் பட்டியலைப் பெற 12½ நிமிடம் ஆகும். கைப்பேசி இவ்விவரங்களைத் தொலைபேசிக் கோபுரத்தின் வழியே பெற்றுக்கொள்வதால் விரைந்து காட்டுகிறது.

*"உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே அம்புக்குறி பக்கத்துத் தெருவுக்குத் தாவுகிறதே?"* கட்டடம் நேர் அலையை மறைக்கிறது, எதிர்க் கட்டடத்தில் பட்டுத் திரும்பிய அலையே கருவிக்குக் கிடைக்கிறது. அது 30 மீட்டர் சுற்றி வந்தால், தொலைவும் 30 மீட்டர் கூடிவிட்டதாகக் கருவி எண்ணிக்கொள்ளும். மலையடிவாரத்தில் நின்று கூவியவன் எதிரொலியை வேறொருவன் குரல் என்று நினைப்பது போல!

*"வேகமானி 80 காட்டும்போது கருவி 76 காட்டுகிறது. எதை நம்புவது?"* நேரான சாலையில் சீராக ஓடும்போது கருவியை நம்பலாம். வேகமானி சக்கரச் சுழற்சியை எண்ணுகிறது. டயர் தேய்ந்தால் சுற்றளவு குறையும். அதே தூரத்துக்குச் சக்கரம் அதிகம் சுற்றும். வேகம் கூடுதலாகத் தெரியும். மேலும், வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்று பல நாடுகளில் விதி உண்டு. ஆதலால் தயாரிப்பாளர்கள் சற்றுக் கூட்டியே வைக்கிறார்கள். கருவியோ, அலையின் அதிர்வெண் மாறும் அளவைக் கொண்டு வேகத்தை அறிகிறது. நீங்கள் பாடத்தில் படித்த டாப்ளர் விளைவுதான் இது.

*"சுரங்கப்பாதையில் என்ன ஆகிறது?"* நம்மை வந்தடையும் அலையின் திறன் மிகமிகக் குறைவு. ஒரு வாட்டை நூறு கோடிக் கோடிப் பங்காக்கினால் ஏறத்தாழ அதில் ஒரு பங்கு. பாறையைத் துளைத்து வர அதனால் ஆகாது. எனவே பல கார்களில் சக்கரச் சுழற்சியையும் கைரோஸ்கோப்பையும் கொண்டு, "இத்தனை தூரம் வந்தோம், இந்தப் பக்கம் திரும்பினோம்" என்று இடத்தைக் கணிக்கிறார்கள். இது பழைய மாலுமிகளின் முறை. 1981இல் ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் வெளியிட்ட கருவியும், 1985இல் அமெரிக்காவில் வெளிவந்த ஈடாக் கருவியும் செயற்கைக்கோள் உதவியே இல்லாமல் இம்முறையில்தான் வழி காட்டின. ஈடாக் கருவியின் வரைபடங்கள் கேசட் நாடாக்களில் பதிவாகியிருந்தன!

ஒருமுறை நான் வாடகைக் காரில் மேம்பாலம் ஒன்றைக் கடந்தபோது, கீழே வலப்புறம் திரும்பும்படி கருவி சொல்லிற்று. "நாம மேலே போறோமா, கீழே போறோமான்னு இதுக்குத் தெரியலையே, சார்!" என்றார் ஓட்டுநர். எவ்வளவு நுட்பமான கேள்வி! கிழக்கிலும் மேற்கிலும் செயற்கைக்கோள்கள் இருப்பதால் கிடைமட்டப் பிழைகள் ஒன்றையொன்று ஓரளவு ஈடுசெய்துகொள்கின்றன. உயரத்துக்கு அந்த வசதி இல்லை. காலுக்குக் கீழே உள்ள செயற்கைக்கோள்களைப் பூமி மறைத்துவிடுகிறதல்லவா? ஆகவே உயரத்தில் பிழை அதிகம். பாலத்துக்கும் கீழ்ச் சாலைக்கும் உள்ள சில மீட்டர் வேறுபாடு அந்தப் பிழைக்குள் அடங்கிவிடுகிறது.

பாதை சொன்னது யார்?

மேலே கண்ட பிழைகளெல்லாம் சில மீட்டர் முதல் சில பத்து மீட்டர் வரைதான். திறந்த வெளியில் நல்ல கருவி 5 மீட்டர் அளவுக்குச் சரியாக இடம் சொல்லும். அப்படியிருக்க, கடலுக்குள் கார் போனது எப்படி?

செயற்கைக்கோள் அனுப்பும் செய்தியில் சாலை என்று ஒரு சொல்கூட இல்லை. சாலைகள் எல்லாம் கருவியின் நினைவகத்திலோ இணையத்திலோ உள்ள வரைபடத்தில் இருக்கின்றன. அது பட்டியல் போன்றது: இந்தச் சந்திப்பிலிருந்து அந்தச் சந்திப்புக்கு இத்தனை மீட்டர், இத்தனை நிமிடம். இப்பட்டியலிலிருந்து மிகக் குறைந்த நேரத்தில் செல்லும் வழியைக் கண்டுபிடிப்பது வெறும் கூட்டல் கணக்கு. அதற்கான முறையொன்றை ஹாலந்து நாட்டுக் கணித அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்டார். கணக்கு பிசகாது. ஆனால் பட்டியலில் எழுதாதது கணக்கில் வராது. நேற்று பெய்த மழையில் தரைப்பாலம் மூழ்கியதும், சந்து குறுகலானது என்பதும், கரைக்கப்பால் சேறு என்பதும் யாரேனும் எழுதி வைத்தால்தான் உண்டு. சந்து வழியே இரண்டு நிமிடம் குறைவென்றால், கருவி உங்களைச் சந்துக்குள்தான் அனுப்பும்.

போக வேண்டிய ஊரையும் நாம்தான் சொல்ல வேண்டும். 2009இல் சுவீடன் நாட்டுத் தம்பதியர் இத்தாலியின் தென்பகுதியிலுள்ள காப்ரி தீவைக் காணச் சென்றார்கள். கருவியில் பெயரைப் பதியும்போது எழுத்து இடம் மாறி, "கார்ப்பி" என்று பதிந்துவிட்டது. கருவி அவர்களை வடக்கேயுள்ள கார்ப்பி நகருக்குப் பிழையின்றிக் கொண்டு சேர்த்தது! காப்ரியின் புகழ்பெற்ற நீலக் குகை எங்கே என்று அவர்கள் விசாரித்தபோதுதான் உண்மை தெரிந்தது. தீவுக்குப் போக ஒரு பாலத்தையோ படகையோ கடக்கவில்லையே என்று வழியில் அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

ஆக, ஒரு பயணத்தில் மூன்று கேள்விகள் உள்ளன. நான் எங்கே இருக்கிறேன்? இதற்கு இயற்பியல் விடை சொல்கிறது; பெரும்பாலும் சரியாகவே சொல்கிறது. எந்த வழியாகப் போகலாம்? இதற்கு வரைபடம் விடை சொல்கிறது. அதைத் தயாரித்தவர்கள் எவ்வளவு கவனமாக இருந்தார்களோ அவ்வளவுக்குச் சரியாக இருக்கும். இந்த வழியில் இப்போது போகலாமா? இதற்கு விடை, காரின் முன்கண்ணாடிக்கு வெளியே இருக்கிறது. முதல் கேள்விக்குச் சரியான விடை வந்ததைக் கண்டு மற்ற இரண்டையும் கருவியிடமே ஒப்படைத்துவிடுவதுதான் மோர்ட்டன் விரிகுடாவில் நேர்ந்த தவறு.

நாளை நீங்கள் கார் ஓட்டும்போது, அல்லது அப்பாவின் பக்கத்து இருக்கையில் அமர்ந்து வழி பார்க்கும்போது, இதை நினைவில் கொள்ளுங்கள்.

பயிற்சி

1. ஒரு செயற்கைக்கோள் கருவியிலிருந்து 24,000 கி.மீ. தொலைவில் உள்ளது. அதன் செய்தி வந்து சேர எவ்வளவு நேரமாகும்?

2. கட்டடத்தில் பட்டுத் திரும்பிய அலை 45 மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்தது. எத்தனை மைக்ரோவிநாடி தாமதமாக வந்திருக்கும்?

3. கருவி விநாடிக்கு ஒருமுறை இடத்தைக் கணக்கிடுகிறது. கார் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் சென்றால், இரண்டு கணக்கீடுகளுக்கு இடையே எத்தனை மீட்டர் சென்றிருக்கும்? "திரும்பு" என்ற குரல் சில வேளை சந்திப்பைத் தாண்டிய பின் வருவது ஏன் என்று சிந்தியுங்கள்.

விடைகள்: (1) 0.08 விநாடி (2) 0.15 மைக்ரோவிநாடி (3) 20 மீட்டர்.