16.5 மி.மீ. தண்டவாளமும் ஒரு பாலத்தின் சாவும்

(இயந்திரவியல், மூன்றாம் ஆண்டு)



முதல் வருஷ இன்ஜினியரிங் டிராயிங்கில் ஸ்கேல் என்று ஒரு பாடம் வருமே, ஞாபகம் இருக்கிறதா? ஆர்.எஃப். கண்டுபிடி, டயகனல் ஸ்கேல் வரை என்று உயிரை வாங்குவார்களே, அதேதான். "இதெல்லாம் எதுக்குடா நமக்கு?" என்று மினி டிராஃப்டர் மேல் தலை வைத்துத் தூங்கிய கூட்டத்தில் அடியேனும் ஒருவன். அந்தத் தூக்கத்துக்கு வட்டியும் முதலுமாகக் கட்டிய கதைதான் இது. நடுவில் பாடமும் வரும். பயப்பட வேண்டாம், ஒரு வகுத்தல் கணக்குக்கு மேல் எதுவும் கிடையாது.

எங்கள் ஊரில் ஒரு பெரியவர் இருக்கிறார். இங்கிலாந்தில் முப்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். எல்லோரும் சீமையிலிருந்து சென்ட் பாட்டில் கொண்டுவருவார்கள். இவர் மூன்று பெட்டி நிறைய பொம்மை ரயில் கொண்டுவந்தார். "பொம்மை" என்று நான் சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "மாடல்னு சொல்லுங்க தம்பி" என்றார். அந்த ஊரில் பேராசிரியர், பாதிரியார், எஞ்சின் டிரைவர் என்று சகலரும் ஈடுபடும் பொழுதுபோக்காம் அது. லண்டனில் 1910-லேயே இதற்கென்று ஒரு கிளப் தொடங்கினார்கள். இன்றைக்கும் நடக்கிறது.

எங்கள் துறைக் கண்காட்சிக்கு அவரிடம் எஞ்சின் கடன் கேட்டேன். தண்டவாளத்தை அன்றைக்கே கொடுத்துவிட்டார். எஞ்சினை மட்டும் கண்காட்சியன்று காலையில் தானே எடுத்துவருவதாகச் சொன்னார். (பாலிடெக்னிக் பையன்களை நம்பி எஞ்சின் தர யாருக்குத்தான் மனசு வரும்!)

ஹாஸ்டலுக்கு வந்ததும் முதல் வேலையாக வெர்னியர் காலிபரை எடுத்தேன். தண்டவாளத்தின் இரண்டு கம்பிகளுக்கும் இடைப்பட்ட உள் அளவு 16.5 மில்லிமீட்டர். இங்கிலாந்தில் ஓடுகிற நிஜ ரயிலின் கேஜ் 4 அடி 8½ அங்குலம், அதாவது 1435 மில்லிமீட்டர். 1435-ஐ 16.5-ஆல் வகுத்தால் 87. ஆகவே ஸ்கேல் 1:87. ஓர் அடிக்கு 3.5 மில்லிமீட்டர். அப்பாடா, கணக்கு முடிந்தது! யாராவது தப்பு சொல்ல முடியுமா?

அந்த எண்ணை வைத்துக்கொண்டு என் ரூம்மேட் ஒரு ஸ்டேஷனே கட்டினான். பிளாட்ஃபாரம், சிக்னல் கம்பம், தண்டவாளத்தைக் கடக்க ஒரு நடைபாலம். எல்லாம் அட்டை, ஐஸ் குச்சி, ஃபெவிகால்தான். ஆனால் அந்தப் பாலத்தில் படிக்கட்டுக்குக் கைப்பிடி உண்டு, கைப்பிடிக்குக் குறுக்குக் கம்பி உண்டு. ஐந்து வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்தான். உயரம் எவ்வளவு வைக்கட்டும் என்று என்னைத்தான் கேட்டான். "எஞ்சின் 13 அடி, மேலே ஒரு அடி இடைவெளி விடு, 14 இன்ட்டு 3.5, 49 மில்லிமீட்டர்" என்று சரளமாகச் சொன்னேன். உழைப்பு முழுக்க அவனுடையது, கணக்கு மட்டும் என்னுடையது. இதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்காட்சி நாள். பெரியவர் வெல்வெட் துணியில் சுற்றி எஞ்சினைக் கொண்டுவந்தார். கறுப்பு நிற பிளாக் ஃபைவ். நிஜத்தில் 1934 முதல் 1951 வரை 842 எண்ணிக்கையில் கட்டப்பட்ட வகை. 1968 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ரயில்வே தன் பிரதான பாதைகளில் நீராவிக்கு விடை கொடுத்தபோது அந்தக் கடைசிச் சிறப்பு ரயிலை இழுத்த எஞ்சின்களிலும் இந்த வகை இருந்தது. எச்.ஓ.டி. சார் வந்து நின்றார். சுவிட்சைப் போட்டேன். எஞ்சின் கம்பீரமாக ஊர்ந்தது. பிளாட்ஃபாரம் அருகே வந்ததும் சிலிண்டர் ஓரத்தில் 'கர்ர்ர்' என்று உரசியது. "பரவாயில்ல, போயிடும்" என்று கொஞ்சம் வேகம் கூட்டினேன். அதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு. அடுத்த வினாடி புகைபோக்கி பாலத்தில் இடித்தது. படிக்கட்டு, கைப்பிடி, குறுக்குக் கம்பி எல்லாம் தண்டவாளத்தின் மேல் கிடந்தன.

ரூம்மேட் ஒன்றும் பேசவில்லை. அது திட்டுவதைவிட மோசம், அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

பெரியவர் எஞ்சினைத் தூக்கித் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, தண்டவாளத்தை அளந்தீங்க, சரி. எஞ்சினை யாரு அளந்தது?"

அளந்தோம். சக்கரத்தின் அடியிலிருந்து உச்சி வரை ஏறக்குறைய 52 மில்லிமீட்டர். 13-ஆல் வகுத்தால் ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர். அதாவது 1:76.2. எஞ்சின் ஒரு ஸ்கேலில், அது ஓடும் தண்டவாளம் இன்னொரு ஸ்கேலில்! 49 மில்லிமீட்டர் பாலத்துக்குள் 52 மில்லிமீட்டர் எஞ்சின் எப்படிப் போகும்?

இங்கேதான் பாடம் தொடங்குகிறது. ஸ்கேல் வேறு, கேஜ் வேறு. ஸ்கேல் என்பது விகிதம். கேஜ் என்பது இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள தூரம், அவ்வளவுதான். கேஜை வைத்து ஸ்கேலைச் சொல்வது, ஒருவன் போட்டிருக்கும் செருப்பை வைத்து அவன் உயரத்தைச் சொல்வது மாதிரி. கடன் வாங்கிய செருப்பாக இருந்தால்?

உண்மையில் அது கடன் வாங்கிய செருப்புதான். கதையைக் கேளுங்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீட்டு ரயில் என்றால் 'ஓ' கேஜ், 32 மில்லிமீட்டர். அதற்கு ஒரு ஹால் வேண்டும். சாப்பாட்டு மேஜையில் ஓடுகிற மாதிரி சின்னதாக வேண்டும் என்று ஆசைப்பட்டு, இங்கிலாந்தின் பாசெட்-லோக் நிறுவனத்துக்காக ஜெர்மனியின் பிங் நிறுவனம் 1922-ல் மேஜை ரயில் ஒன்றைக் கொண்டுவந்தது. கேஜ், பழையதில் பாதி. பிறகு அது 16.5 மில்லிமீட்டராக நிலைத்தது. 'ஓ'வில் பாதி என்பதால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதற்கு 'எச்.ஓ.' என்று பெயர். அங்கே ஸ்கேலும் பழையதில் பாதி: ஓர் அடிக்கு 3.5 மில்லிமீட்டர். கேஜும் ஸ்கேலும் அழகாகப் பொருந்தும். என் கணக்கு அங்கே சரியாக இருந்திருக்கும்!

இங்கிலாந்தில் மட்டும் ஏன் பொருந்தவில்லை? உலகத்திலேயே முதலில் ரயில் போட்டவர்கள் அவர்கள்தானே. 1825-ல் ஸ்டாக்டன் - டார்லிங்டன், 1830-ல் லிவர்பூல் - மான்செஸ்டர். பிற்காலத்தில் எஞ்சின்கள் எவ்வளவு பெரிதாகும் என்று அப்போது யாருக்குத் தெரியும்? பாலங்களையும் சுரங்கங்களையும் தாழ்வாகவும் குறுகலாகவும் கட்டிவிட்டார்கள். பின்னால் வந்த எஞ்சினும் பெட்டியும் அந்தப் பொந்துகளுக்குள் நுழைந்தாக வேண்டுமே. ரயில் இந்த எல்லைக்குள்தான் இருக்க வேண்டும் என்று வரையறுத்த அளவுக்கு லோடிங் கேஜ் என்று பெயர். தண்டவாள அகலம் ஐரோப்பாவிலும் இங்கிலாந்திலும் ஒன்றே. ஆனால் பிரிட்டிஷ் ரயில் ஏறக்குறைய 13 அடி உயரம், 9 அடி அகலம். ஐரோப்பிய ரயில் உயரத்தில் ஓர் அடியும், அகலத்தில் ஓர் அடிக்கு மேலும் கூடுதல்.

ஏற்கெனவே ஒல்லியான அந்த எஞ்சினை 87-ல் ஒரு பங்காகச் சுருக்கினால் உள்ளே என்ன இடம் மிஞ்சும்? அந்தக் காலத்து மோட்டார் அதில் அடங்கவில்லை. போதாக்குறைக்கு மாடல் சக்கரங்கள் நிஜத்தைவிடத் தடிமனாக இருக்கும். அவற்றுக்கு வெளியே பிஸ்டன் ராடும் கனெக்டிங் ராடும் உரசாமல் ஆட வேண்டும். தண்டவாளத்தையும் சக்கரத்தையும் மாற்றுவது பெரிய வேலை. அதனால் ஹென்றி கிரீன்லி போன்ற வடிவமைப்பாளர்கள் சுலபமான வழி ஒன்றைப் பிடித்தார்கள். தண்டவாளம் 16.5 அப்படியே இருக்கட்டும், உடம்பை மட்டும் ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டராகப் பெரிதாக்கு! அதுதான் 'ஓ ஓ' கேஜ். 1938-ல் லிவர்பூலின் மெக்கானோ கம்பெனி 'ஹார்ன்பி டப்ளோ' என்ற பெயரில் இதே அளவில் ரயில் விட்டது. அதோடு இங்கிலாந்தில் இதுவே சட்டம் மாதிரி ஆகிவிட்டது. (மல்லார்ட் என்ற எஞ்சின் மணிக்கு 203 கி.மீ. ஓடி நீராவி சாதனை படைத்ததும் அதே 1938 ஜூலையில்தான். அந்த வகை எஞ்சினையே ஹார்ன்பி முதல் மாடல்களில் ஒன்றாக விட்டது. வியாபாரம் தெரிந்தவர்கள்!)

ஆக, 1830-ல் யாரோ பாலத்தைத் தாழ்வாகக் கட்டினார்கள். அதனால் ரயில் ஒல்லியானது. அதனால் மோட்டாருக்கு இடமில்லை. அதனால் மாடலின் உடம்பு ஊதியது. அதனால் எங்கள் கண்காட்சியில் பாலம் விழுந்தது. எவனோ கட்டிய பாலத்துக்கு என் ரூம்மேட்டின் பாலம் பலி!

மோட்டார் சுண்டுவிரல் அளவுக்கு வந்தபிறகாவது திருத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். பெரியவர் சிரித்தார். அதற்குள் லட்சக்கணக்கான வீடுகளில் 16.5 தண்டவாளம் வந்துவிட்டதே, யார் தூக்கி எறிவார்கள்? கணக்குப்படி 4 மில்லிமீட்டர் ஸ்கேலுக்கு 18.83 மில்லிமீட்டர் கேஜ் வேண்டும். இருப்பதோ 16.5. நிஜ அளவில் சொன்னால் 4 அடி 1½ அங்குலம். ஏழு அங்குலம் குறைவு. முன்னாலிருந்து பார்த்தால் பெரிய உடம்பு, ஒடுங்கிய கால்.

இதைச் சகிக்க முடியாதவர்களும் அங்கே உண்டு. ஒரு கூட்டம் 18.2 மில்லிமீட்டரில் ஓட்டுகிறது, அதற்கு 'இ.எம்.' என்று பெயர். அதுவும் போதாது, 18.83-தான் வேண்டும் என்று 1960-களில் 'பி4' என்று இன்னொரு கூட்டம் கிளம்பியது. கேஜை மட்டும் அல்ல, சக்கரத்தின் ஃபிளாஞ்சையும் நிஜத்தின் விகிதத்துக்கே சீவிவிட்டார்கள். பார்க்க அற்புதம். ஆனால் ஃபிளாஞ்ச் சின்னதானால் தண்டவாளம் இம்மி ஏறி இறங்கினாலும் சக்கரம் கீழே குதிக்கும். ஆகவே ஒவ்வொரு அச்சுக்கும் ஸ்பிரிங்கோ, சாய்ந்து கொடுக்கும் ஏற்பாடோ செய்ய வேண்டும். வளைவும் பெரிதாக வேண்டும். சாதாரண ஓ ஓ எஞ்சின் 438 மில்லிமீட்டர் ஆரத்தில் திரும்பிவிடும். நிஜத்தில் அது வெறும் 33 மீட்டர் ஆரம்! எந்த பிளாக் ஃபைவும் அதில் திரும்பாது. கிளியரன்ஸ் அதிகம் கொடுத்தால் ஓடும், அழகு போகும். குறைத்தால் அழகு வரும், ஒவ்வொரு உறுப்பையும் நுணுக்கமாகச் செய்ய வேண்டும். லிமிட்ஸ் அண்ட் ஃபிட்ஸ் பாடத்தில் நாம் மனப்பாடம் செய்கிற சங்கதிதான் இது. எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. (பரீட்சைக்கு முன்னாடி புரிந்திருக்கலாம்.)

என் கட்சியைக் கேட்டால், நான் 16.5 பக்கம்தான். மேஜையில் ஓடாத ரயில் எவ்வளவு சரியான அளவாக இருந்து என்ன?

இன்னும் இரண்டு கணக்கு, சுவைக்காக. மல்லார்டின் 203 கி.மீ. வேகத்தை 76.2-ஆல் வகுத்தால் வினாடிக்கு 74 சென்டிமீட்டர். நாங்கள் விட்டது அதைவிடக் கூடுதலாக இருந்திருக்கும். எடைக்கு 76.2-ஆல் வகுத்தால் போதாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் மூன்று தடவை வகுக்க வேண்டும். டெண்டரோடு சேர்த்து ஏறக்குறைய 125 டன் உள்ள பிளாக் ஃபைவ், மாடலில் 290 கிராம்கூட வராது. ஒரு டன்னுக்கு இரண்டரை கிராம் கூட இல்லை!

மின்சாரம் பற்றி எலக்ட்ரிகல் நண்பர்கள் கோபிக்கக் கூடாது என்பதற்காக ஒரு வரி: 12 வோல்ட் டி.சி., ஒரு தண்டவாளம் பாசிட்டிவ், மற்றது நெகட்டிவ், மாற்றினால் எஞ்சின் பின்னோக்கி ஓடும்.

ரூம்மேட் மூன்றாம் நாள்தான் பேசினான். இப்போது இருவரும் வேறு ஒரு கணக்கில் இருக்கிறோம். நம் நீலகிரி மலை ரயில் இன்றும் மீட்டர் கேஜில் ஓடுகிறது, 1000 மில்லிமீட்டர். பெரியவரின் அதே 16.5 தண்டவாளத்தில் அதை ஓட்டினால் என்ன ஸ்கேல்? ஓர் அடிக்கு 5 மில்லிமீட்டர் வைத்தால் 1:60.96, கேஜ் 1006 மில்லிமீட்டர் வருகிறது. ஆறே மில்லிமீட்டர் வித்தியாசம்! வெள்ளைக்காரனின் ஏழு அங்குலத்தோடு ஒப்பிட்டால் நாம் எங்கேயோ இருக்கிறோம் என்று நான் துள்ளிக் குதித்தேன்.

ரூம்மேட் மட்டும் குதிக்கவில்லை. முதலில் எஞ்சினைச் செய்து கையில் கொடு, அப்புறம் பாலத்துக்கு அட்டை வெட்டுகிறேன் என்று சொல்லிவிட்டான்.