முதலில் குழியைத் திறந்து பார்

நங்கநல்லூர்,
ஆவணி 20

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரி அத்தை, சரி அத்தை" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். இரண்டு நாள் எடுத்துக்கொண்டு படி.

பள்ளிக்கரணை வீட்டில் பால் காய்ச்சி மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் உன்னைக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஆக்கிவிட்டார்களாமே. பெருமைதான். ஆனால் அந்த நாற்காலியில் ஆறு வருஷம் உட்கார்ந்தவள் என்கிற முறையில் ஒன்று சொல்கிறேன். வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால்தான் உன்னிடம் வந்திருக்கிறது.

"நம் அபார்ட்மெண்டைப் பசுமையாக்க" என்று நீ அனுப்பிய பட்டியலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். மூங்கில் பல் துலக்கி, மின்சாரத்தில் ஓடும் உர இயந்திரம், டஜன் துணிப்பை, எல்லா வீட்டுக்கும் புது ஃபேன். மொத்தம் பதினொன்று. பதினொன்றும் வாங்குகிற சாமான். இருக்கிறதைப் பார்த்துக்கொள்வது என்று ஒன்றுகூட இல்லையே அம்மாடி.

துணிப்பையையே எடுத்துக்கொள். 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் நம் மாநிலத்தில் தடை. 2021 கடைசியில் "மீண்டும் மஞ்சப்பை" என்று அரசே இயக்கம் நடத்தியது. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை மட்டும் உன் அம்மா வீட்டுப் பரணில் ஐம்பது இருக்கும். பைக்குப் பஞ்சமே இல்லை. கடை வாசலில் நிற்கும்போது கையில் இல்லை, அவ்வளவுதான். கைப்பையில் ஒன்று, வண்டி சீட்டுக்கு அடியில் ஒன்று மடித்து வை. அந்த வரியை அடித்துவிடலாம்.

பட்டியலில் இல்லாத ஒன்றை முதலில் செய். உங்கள் கட்டடத்தின் மழைநீர்க் குழி எங்கே இருக்கிறது என்று வாட்ச்மேனிடம் கேட்டு, மூடியைத் திறந்து பார்.

2003ல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு சொன்னபோது சென்னை முழுக்கக் குழி தோண்டுகிற சத்தம்தான். எங்கள் கட்டடத்திலும் தோண்டினோம். ஜல்லி, கூழாங்கல், மணல் என்று அடுக்கி, மாடிக் குழாயை அதில் இறக்கி, ஆளாளுக்குக் கை தட்டினோம். அத்தோடு மறந்தும் போனோம். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரியும் காய்ந்து, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். அந்தக் கோடையில் எங்கள் போரும் காற்றை இழுத்தது. அப்போதுதான் குழியின் ஞாபகம் வந்தது. திறந்தால் உள்ளே தரை போட்ட மாதிரி இறுகிக் கிடக்கிறது. முன்பு ஒருமுறை வெள்ளையடிக்க வந்தவர்கள் வாளியும் பிரஷும் கழுவிய தண்ணீரை அதில்தான் ஊற்றியிருக்கிறார்கள். நான் செயலாளர். மாடி வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டும் இருந்தேன். வாய் திறக்கவில்லை. எத்தனை வருஷத்து மழை குழிக்கு மேலே ஓடித் தெருவுக்குப் போனதோ! 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வாசலில் முழங்காலளவு நின்ற தண்ணீரைக் குழி உறிஞ்சியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். அந்த மழைக்கு எதுவும் தாங்காது. ஆனால் சாதாரண ஐப்பசி மழைக்குத் தாங்கும்.

கணக்கு பார்க்கப் பிடிக்குமே உனக்கு, இந்தா. உங்கள் மொட்டைமாடி 2,400 சதுர அடி என்று வைத்துக்கொள். சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. ஐந்தில் ஒரு பங்கு ஆவியாகவும் வழிந்தும் போனாலும் இரண்டரை லட்சம் லிட்டர் மிஞ்சும். 12,000 லிட்டர் லாரியில் இருபது லாரி. அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். உனக்கு இருப்பது இன்னும் ஒரு மாதம்.

வேலை பெரிதில்லை. மேல் மணலை அள்ளி வெளியே போடு. கூழாங்கல்லையும் ஜல்லியையும் கழுவிக் காயவைத்துத் திரும்ப அடுக்கு. மொட்டைமாடியைப் பெருக்கி, குழாய் வாயில் வலை கட்டு. முதல் மழைத் தண்ணீர் அழுக்கோடு வரும், அதை வெளியே விட்டுவிடு. அடுக்கி முடித்ததும் குழியில் பத்துக் குடம் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார். உங்கள் பக்கம் சதுப்பை ஒட்டிய இடம். கீழே களிமண்ணாக இருந்தால் தண்ணீர் அப்படியே நிற்கும். அப்போது கீழே மணல் படுகை வரை துளை இறக்க வேண்டியிருக்கும். இல்லையென்றால் மாடித் தண்ணீரை வடிகட்டி நேராகச் சம்ப்பில் விடலாம். இதில் யூடியூப் பார்த்து முடிவு செய்யாதே, மண் தெரிந்த ஆளைக் கூப்பிடு.

அடுத்தது குப்பை. உங்கள் மொட்டைமாடியிலிருந்து பெருங்குடிக் குப்பைமேடு தெரிகிறதா? காற்று திரும்பினால் தெரியவே வேண்டாம், வாசமே சொல்லிவிடும். பக்கத்திலேயே பள்ளிக்கரணைச் சதுப்பு. 2022ல் அதற்கு ராம்சார் தகுதி கிடைத்தது. அதே வருஷம் ஏப்ரலில் குப்பைமேடு தீப்பிடித்து, அணைக்க நாள்கணக்கில் ஆனது. காய்த்தோலும் சாதமும் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து காற்றுப் புகாமல் புதைந்தால் மீத்தேன் வரும். அதுதான் எரிகிறது. நம் வீட்டுக் கத்தரிக்காய்க் காம்புக்கும் அந்தத் தீயில் பங்கு உண்டு.

இயந்திரம் வேண்டாம். மண்தொட்டி மூன்று போதும், அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்டது. காய்த்தோல் ஒரு கிண்ணம் போட்டால் காய்ந்த சருகு ஒரு கிண்ணம் மேலே போட்டு மூடு. இரண்டு நாளுக்கு ஒருமுறை கிளறு. கையில் எடுத்துப் பிழிந்தால் பிழிந்த துணி மாதிரி ஈரம் இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், காற்று குறைவு. இன்னும் சருகு போடு. தேங்காய் ஓட்டையும் மாங்கொட்டையையும் தவிர நம் ஊர் வெயிலில் இரண்டு மாதத்தில் எல்லாம் மக்கிவிடும். எலும்பு, எண்ணெய்ப் பண்டம், பால் சேர்ந்தது எதையும் கை பழகும்வரை போடாதே.

சருகுதான் கஷ்டம். காய்த்தோல் தினமும் வரும், சருகு மாசி பங்குனியில் மட்டும்தான் கொட்டும். எங்கள் தெருவில் புங்க மரமும் பாதாம் மரமும் உண்டு. அந்த இரண்டு மாதமும் நான் கோணியோடு கீழே இறங்கிவிடுவேன். ஆறு கோணி கட்டி வைத்தால் ஒரு வருஷம் ஓடும். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். இப்போது பெருக்குகிற அம்மா சருகை எரிப்பதில்லை. "உங்க கோணிக்கு வெச்சிருக்கேன்" என்று தள்ளி வைக்கிறார். மழைக்காலத்தில் சருகு நமத்துப் போனால் தென்னை நார்த்தூள் போடு.

புழு வரும். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் கட்டடத்தில் திட்டம் கவிழ்ந்தது அந்த இடத்தில்தான். பழுப்பும் வெள்ளையுமாக, குண்டாக, விரல் நுனியளவு நெளியும். கருப்பு ஈ ஒன்றின் புழு அது. கடிக்காது, நோயும் தராது, கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும். ஆனால் இதை எனக்கு முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. நானும் பொதுத் தொட்டியைக் கீழ் வீட்டு ஜன்னலுக்கு நேராக வைத்துத் தொலைத்தேன். ஒருநாள் காலையில் புழு சுவரேறி அவர்கள் சமையலறைக்குள்ளேயே போய்விட்டது. அப்புறம் நான் பேசிய தத்துவத்தை யார் கேட்பார்கள்? தொட்டியை ஜன்னலுக்குத் தள்ளி, மைனா வந்து பொறுக்குகிற இடமாக வை.

"நாங்கள் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் எல்லாவற்றையும் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்" என்று முதல் கூட்டத்திலேயே ஒருவர் எழுந்து கேட்பார். கேட்பார் பார். அவர் சொல்வது பல இடங்களில் உண்மையும்கூட. 2016 விதியே மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துத்தான் கொடுக்கச் சொன்னது. ஆனால் விதியைக் காட்டி அவரோடு மல்லுக்கு நிற்காதே. ஈரக் குப்பை கேட்டைத் தாண்டாவிட்டால் கலப்பதற்கே ஒன்றும் இல்லை என்று சொல். மீதி காய்ந்தது, கலந்தாலும் பிரித்துவிடலாம். நாப்கினையும் பிளேடையும் உடைந்த கண்ணாடியையும் மட்டும் பேப்பரில் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டுத் தனியாகக் கொடுக்கச் சொல். வண்டியில் வரும் அம்மா கையுறையில்லாமல் கையை விடுவதை ஒருமுறை பார்த்தவர்கள் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

இன்னொன்று. அட்டைப்பெட்டி, பாட்டில், பழைய பேப்பரைச் சங்கமே காயலான் கடைக்குப் போட்டு நிதி சேர்க்கலாம் என்று பட்டியலுக்குக் கீழே எழுதியிருக்கிறாய். வேண்டாம் கண்ணு. அந்தக் காசு இப்போது உங்கள் வாட்ச்மேனுக்கோ வீட்டு வேலைக்கு வரும் பெண்களுக்கோ போய்க்கொண்டிருக்கும். விசாரி. அவர்கள் வயிற்றில் அடித்து ஒரு பசுமை நமக்கெதற்கு.

ஃபேன் விஷயத்தில் நீ சொல்வது சரிதான். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், இப்போது வரும் பிஎல்டிசி ஃபேன் முப்பதைச் சுற்றித்தான். தினம் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்கு முப்பது யூனிட்டுக்கு மேல் மிச்சம். ஆனால் ஓடுகிற ஃபேனை எல்லாம் கழற்றி எறியாதே. ராத்திரி பூரா ஓடும் படுக்கையறை ஃபேனை மாற்று. மற்றது கெட்டுப்போகும்போது பார்த்துக்கொள்ளலாம். ஆர்ஓ மெஷின் ஒரு லிட்டர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும். அதைக் குடத்தில் பிடித்துத் தரை துடைக்க வை. உப்புத் தண்ணீர், செடிக்குத் தினமும் ஊற்றாதே. மொட்டைமாடித் தொட்டி நிரம்பினால் கத்தும் அலாரம் ஒன்றைப் போடு. எங்கள் கட்டடத்தில் மோட்டாரைப் போட்டுவிட்டு சீரியலில் உட்கார்ந்துவிடுகிற ஆள் யாரென்று உனக்கே தெரியும். நான்தான்.

பழைய காலத்தைப் பற்றி உன் அப்பா கதை விடுவான், நம்பாதே. உன் பாட்டி குப்பையே போடாதவள் என்பான். பாட்டி பாலிதீன் பையைத் துவைத்துக் கொடியில் காயப்போட்டவள், உண்மை. அதே பாட்டிதான் போகிக்கு டயரும் எரித்தாள். அந்தப் பழக்கம் ஊரை விட்டுப் போகவில்லை. 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து மீனம்பாக்கத்தில் விமானம் இறங்க முடியாமல் திருப்பி விட்டார்கள். அன்று எங்கள் தெருவில் எதிர் வீடே தெரியவில்லை.

கடைசியாக, கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றாதே. நான் அப்படித்தான் செய்தேன், இருபத்திரண்டு வீட்டில் இருபது பேர் கை தூக்கினார்கள், தொட்டிக்கு வந்தது மூன்று வீடு. நீ அந்த மூன்று வீட்டிலிருந்து ஆரம்பி. துளசி வளர்க்கிற பாட்டி ஒருவர் எந்தக் கட்டடத்திலும் இருப்பார், அவரை முதலில் பிடி. முதல் உரத்தை அவர் தொட்டியில் போடு. செடி தழைத்தால் மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். லிஃப்ட் போகிற வேகத்தைவிட அவர் பேச்சு வேகமாகப் போகும். குழி சுத்தம் செய்வதை மட்டும் யார் தலையிலும் கட்டாதே. வருஷா வருஷம் ஆவணியில் என்று சங்க நோட்டில் எழுதி, செலவைப் பராமரிப்புப் பணத்திலேயே சேர்த்துவிடு. நீ அடுத்த வருஷம் அந்த நாற்காலியில் இருக்க மாட்டாய். நோட்டு இருக்கும்.

சனிக்கிழமை வா. என் தொட்டியில் பாதி மக்கிய எரு இருக்கிறது. தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி அதில் இரண்டு கை உன் தொட்டியில் போட்டால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். மாப்பிள்ளையையும் கூட்டி வா, சருகுக் கோணி ஒன்று தருகிறேன், தூக்க ஆள் வேண்டும். வரும்போது போன தீபாவளிக்கு லேகியம் கொடுத்தனுப்பிய எவர்சில்வர் தூக்கை மறக்காமல் எடுத்து வா. மூடியோடு.

அன்புடன்,
அத்தை