212 நாள், ஒரு காய்ச்சல், ஒரு கைக்கடிகாரம்

கேள்வி: எனக்கு 49 வயது. 2000ஆம் ஆண்டு வேலைக்காக சியாட்டில் பக்கம் வந்தேன். அதுவரை கிரிக்கெட்தான் உலகம். அடுத்த வருடம் அலுவலக நண்பர் ஒருவர் மரைனர்ஸ் ஆட்டத்துக்கு இழுத்துப்போனார். அன்று பிடித்த பேஸ்பால் பைத்தியம் இன்னும் தெளியவில்லை. ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை அநேகமாக எல்லா இரவும் டிவி முன்னால்தான். மடியில் ஸ்கோர் புத்தகம், கையில் பென்சில், பக்கத்தில் ஒரு கிண்ணம் வேர்க்கடலையோ முறுக்கோ. ஒவ்வொரு பேட்டரையும் குறித்துக் குறித்து இதுவரை 31 புத்தகம் நிரம்பியிருக்கிறது.

இரண்டு வருடம் முன்பு, சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னார். மனைவி ஸ்மார்ட் வாட்ச் வாங்கித் தந்தார். தினம் பத்தாயிரம் காலடி என்று வைத்துக்கொண்டேன். 212 நாள் விடாமல் முடித்தேன். கணக்குக் குறைந்தால் இரவு 11:40க்குக்கூட ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடப்பேன். “அப்பா ரோந்து போறார்” என்று மகள் கிண்டல் செய்வாள். 213ஆம் நாள் கடும் காய்ச்சல், எழுந்திருக்கவே முடியவில்லை. வாட்சில் தொடர்ச்சி பூஜ்யத்துக்குப் போய்விட்டது. அந்த வெறுப்பில் வாட்சை மேசை டிராயரில் போட்டவன் மூன்று வாரமாக நடக்கவும் இல்லை. எடை, தூக்க மதிப்பெண், இதயத் துடிப்பு, எரித்த கலோரி எல்லாம் எக்செல்லில் ஏற்றி வைத்திருக்கிறேன். காலையில் எடை அரைக் கிலோ கூடியிருந்தால் அன்றைய பொழுதே கெட்டுவிடும். இந்த எண்களில் எதை நம்புவது? எங்கிருந்து திரும்ப ஆரம்பிப்பது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பெல்வியூ, வாஷிங்டன் மாநிலம்

பதில்: முதலில் நான் ஒன்று கேட்கிறேன். 2001 சீசனில் மரைனர்ஸ் எத்தனை ஆட்டம் தோற்றது? 116 வெற்றி உங்களுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். மொத்த ஆட்டம் 162. கழித்துப் பாருங்கள், 46. ஒரே சீசனில் அதைவிட அதிகம் ஜெயித்த அணி மேஜர் லீகில் கிடையாது. 1906இல் சிகாகோ கப்ஸ் அதே 116ஐத் தொட்டதோடு சரி. அப்பேர்ப்பட்ட அணியே நாலில் ஒரு பங்குக்கும் மேல் தோற்றிருக்கிறது. அதிலும் ஆகஸ்ட் 5ஆம் தேதி கிளீவ்லாந்தில் 14-2 என்று முன்னால் நின்ற ஆட்டத்தைப் பதினோராவது இன்னிங்ஸில் 15-14 என்று கோட்டைவிட்டார்கள். அந்தப் பக்கம் உங்கள் முதல் புத்தகங்களில் எங்காவது இருக்கும், எடுத்துப் பாருங்கள். மறுநாள் அவர்கள் மட்டையையும் கையுறையையும் டிராயரில் போட்டுப் பூட்டவில்லை.

நீங்களோ 213 ஆட்டத்தில் 212 ஜெயித்தவர். அந்த மீதி ஒன்றுகூடத் தோல்வி இல்லை. மழையால் தள்ளிப்போன ஆட்டத்தை எந்த அணியின் தோல்விக் கணக்கிலும் எழுத மாட்டார்கள் அல்லவா? காய்ச்சல் நாள் அப்படிப்பட்டதுதான். சியாட்டில் மைதானத்துக்கு இழுத்து மூடும் கூரை இருப்பதால் மழை நாள் என்பதே உங்களுக்கு மறந்திருக்கலாம். மைதானத்துக்குத்தான் கூரை, உங்களுக்கு இல்லை. காய்ச்சலோடு பத்தாயிரம் நடந்திருந்தால்தான் நான் திட்டியிருப்பேன்.

தொடர்ச்சி என்றாலே பேஸ்பாலில் கால் ரிப்கன்தான். 1982இல் ஆரம்பித்து 2,632 ஆட்டம் ஒன்றுகூட விடவில்லை. அது எப்படி முடிந்தது என்பதைப் பாருங்கள். 1998 செப்டம்பர் 20, யாங்கீஸுடன் பால்டிமோரில் ஆட்டம். காலில் கட்டு இல்லை, காய்ச்சல் இல்லை, மேலாளர் உட்கார வைக்கவும் இல்லை. இன்று நான் ஆடவில்லை என்று அவரே சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார். மறு ஆட்டத்துக்குத் திரும்ப வந்தார். 2001 ஜூலையில் ஆல்-ஸ்டார் ஆட்டம் உங்கள் ஊரிலேயே நடந்தது. நாற்பது வயது ரிப்கன், சந்தித்த முதல் பந்தையே வேலிக்கு வெளியே அனுப்பினார்; அன்றைய சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான். தொடர்ச்சி அறுந்து கிட்டத்தட்ட மூன்று வருடம் ஆன பிறகு நடந்தது இது. உங்கள் வாட்சிலும் தொடர்ச்சியைக் காட்டும் அறிவிப்பை அணைத்துவிடலாம். இன்றே அணையுங்கள்.

சரி, எண்களுக்கு வருவோம். அந்தப் பத்தாயிரம் எந்த மருத்துவரும் கண்டுபிடித்த அளவு இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு அடுத்த வருடம், 1965இல், ஜப்பானிய நிறுவனம் ஒன்று இடுப்பில் மாட்டும் காலடி எண்ணியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெயர் மன்போ-கெய். ‘பத்தாயிரம் காலடி அளவி’ என்று பொருள். விற்பனைக்கு வைத்த பெயர் அறுபது வருடமாக மருத்துவ ஆலோசனை போல உலவுகிறது. ஆராய்ச்சி பிறகுதான் வந்தது. சராசரி 72 வயதான சுமார் 17,000 அமெரிக்கப் பெண்களைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியான ஆய்வில், தினம் 2,700 நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடம் இறப்பு கணிசமாகக் குறைவு. 7,500க்கு மேல் போனவர்களுக்குக் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. அறுபதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்த வரம்பு எட்டாயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் நடுவே என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஆக, 8,600இல் நிற்கும் நாளில் நீங்கள் எதையும் இழக்கவில்லை. ஆனால் 11:40 ரோந்தில் இழக்கிறீர்கள், தூக்கத்தை. தூக்கம் குறைந்தால் சர்க்கரை ஏறும். எதற்காக நடக்க ஆரம்பித்தீர்களோ அதற்கே குழி பறிக்கும் நடை அது.

எடை விஷயத்தில் நீங்கள் ஒரு ரசிகராக நடந்துகொள்ளவே இல்லை. ஏப்ரல் முதல் வாரத்தில் ஒருவர் .400 அடித்தால் அவரை டெட் வில்லியம்ஸ் என்று கொண்டாடுவீர்களா? சிரிப்பீர்கள். இருபது தடவை மட்டை பிடித்ததை வைத்து என்ன சொல்ல முடியும் என்பீர்கள். ஒரு நாள் காலை எடை என்பது இருபதுகூட இல்லை, ஒரே ஒரு தடவை. முந்தைய இரவு உப்புக் கடலை தின்றிருந்தால் உடம்பு தண்ணீரைப் பிடித்துவைக்கும். ஒரு கிலோ வரை ஏறி இறங்குவது சாதாரணம். ஏழு நாள் சராசரியை எடுங்கள், போன மாதச் சராசரியோடு ஒப்பிடுங்கள். எக்செல்லில் உங்களுக்கு ஒரு நிமிட வேலை. முடிந்தால் எடையைவிட இடுப்புச் சுற்றளவை நம்புங்கள். நம் நாட்டு உடம்பு கொழுப்பை வயிற்றில்தான் சேர்க்கும். மெலிந்தவர் போலத் தெரிபவருக்கும் சர்க்கரை வருவது அதனால்தான். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் என்பது எல்லை. மாதம் ஒருமுறை டேப்பை எடுத்தால் போதும்.

கலோரிக் கணக்கை அந்த அட்டவணையிலிருந்து நீக்கிவிடுங்கள். 2017இல் ஸ்டான்ஃபோர்டில் ஏழு வாட்ச்களைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பை ஆறு வாட்ச் நன்றாகவே அளந்தன. கலோரியில் இருப்பதற்குள் நல்லதுகூடச் சராசரியாக 27 சதவீதம் தப்பியது. அதன்பிறகு வாட்ச்கள் தேறியிருக்கலாம். ஆனாலும் ‘இன்று 600 எரித்தாயிற்று’ என்று இன்னொரு முறுக்கை எடுக்கும் அளவுக்கு நான் அதை நம்ப மாட்டேன். தூக்க மதிப்பெண்ணும் அப்படித்தான். எத்தனை மணி நேரம் படுத்தீர்கள் என்பது ஏறக்குறைய சரியாக இருக்கும். ஆழ்தூக்கம் இத்தனை நிமிடம், கனவுத்தூக்கம் இத்தனை என்று பிரித்துச் சொல்வது, ‘எரர்’ என்று ஸ்கோரர் எழுதுவது மாதிரி. அளந்தது அல்ல, ஒரு அபிப்பிராயம்.

வாட்ச் உருப்படியாகச் சொல்வது ஓய்வு நேர இதயத் துடிப்பு. அதையும் நாள் நாளாகப் பார்க்காதீர்கள். சில மாதங்களில் அது மெல்ல இறங்கினால் உடம்பு பழகுகிறது என்று பொருள். ஒரு எச்சரிக்கை: மாரடைப்பை எந்த வாட்சும் கண்டுபிடிக்காது. நெஞ்சு அழுத்தினால் வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் 911ஐக் கூப்பிடுங்கள்.

இனி உங்கள் சோபா. 2023இல் பிட்ச் கிளாக் வந்து ஆட்டத்தில் சுமார் 25 நிமிடத்தை வெட்டியது. பழைய ரசிகர்கள் முணுமுணுத்தார்கள், என்னைப் போன்ற மருத்துவர்கள் உள்ளூர மகிழ்ந்தோம். அப்படியும் ஓர் ஆட்டம் இரண்டு மணி நாற்பது நிமிடம். 162ஐயும் பார்த்தால் 430 மணி நேரம், அதாவது இரவு பகலாகப் பதினெட்டு நாள் உட்கார்ந்தபடி. ஆட்டத்தை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் பேஸ்பாலிலேயே இதற்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு அரை இன்னிங்ஸுக்கும் நடுவே சுமார் இரண்டு நிமிட இடைவெளி. முழு ஆட்டத்தில் அப்படிப் பதினேழு. விளம்பரம் வந்ததும் எழுந்துவிடுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் சேர்ந்துவிடும், ரோந்துக்கு வேலை இருக்காது. சாப்பிட்ட பிறகு இப்படி விட்டுவிட்டு நடப்பது சர்க்கரைக்கு நேரடியாக உதவுகிறது. ஸ்கோர் புத்தகத்தில் கூட்டல் போடுவதை நின்றபடியே போடலாம். கடலையைத் தோலோடு, உப்பில்லாமல் வாங்குங்கள். உரித்துத் தின்பதற்குள் கை சலிக்கும். முறுக்கை டிவி இருக்கும் அறைக்குள் விடாதீர்கள்.

வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை என்பதுதான் நீங்கள் எழுதிவைக்க வேண்டிய முக்கியமான எண். எது வேகம் என்றால், பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. ஏழாவது இன்னிங்ஸில் எல்லோரும் எழுந்து பாடும் அந்தப் பாட்டை உங்களால் முழுசாகப் பாட முடிந்தால் இன்னும் வேகம் தேவை. மரைனர்ஸ் கிழக்குக் கரையில் ஆடும் நாட்களில் உங்களுக்கு மாலை நாலு மணிக்கே ஆட்டம் தொடங்கும். அன்று வேலை முடிந்ததும் காதில் ரேடியோ வர்ணனையை மாட்டிக்கொண்டு வெளியே இறங்குங்கள். கேட்டே ரசிக்க இவ்வளவு ஏற்ற விளையாட்டு வேறில்லை. ஸ்கோர் புத்தகத்தில் அந்தச் சில இன்னிங்ஸ் காலியாக இருக்கும். 31 புத்தகம் நிரப்பியவருக்கு அது வலிக்கும், தெரிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் உண்மையான கவலை உங்கள் அக்டோபரிலிருந்து மார்ச் வரை. ஆட்டமும் இல்லை, வெயிலும் இல்லை. டிசம்பரில் உங்கள் ஊரில் மாலை 4:20க்கே இருட்டிவிடும், மழை ஓயாது. அந்த மாதங்களைத் தசைக்கு ஒதுக்குங்கள். வாரம் இரண்டு நாள் போதும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, ரப்பர் பட்டையை இழுப்பது. ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை அதிகம் இழுத்துக்கொள்வது தசைதான். எல்லைக்கோட்டில் நிற்கும் உங்களுக்கு, சொல்லப்போனால், காலடிக் கணக்கைப் போலவே இதுவும் முக்கியம். இந்த ஆறு மாதத்தில் வாட்ச் என்ன காட்டினாலும் நீங்கள் எக்செல் பக்கம் போக வேண்டாம். எத்தனை நாள் செய்தீர்கள் என்று ஸ்கோர் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் குறித்தால் போதும். முயன்று முடியாமல் போன நாளுக்கு ஒரு கே. மட்டையைத் தூக்காமலே விட்ட நாளுக்குத் திருப்பிப் போட்ட கே. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்று வாரம் சும்மா இருந்த உடம்பு, அதனால் முதல் வாரம் ஐந்தாயிரத்தில் ஆரம்பித்து வாரம் ஆயிரம் கூட்டுங்கள். மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி பரிசோதனை செய்யுங்கள். கடந்த மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் சோதனை என்பதால் உங்களுக்கு அது பிடிக்கும். என்ன வந்தது என்று எழுதுங்கள். ரோந்து நின்றதைப் பற்றி மகள் என்ன சொன்னாள் என்பதையும்.