சினையின் முதல் மூன்று வாரங்கள்: குதிரை ஆராய்ச்சியும் கமக்காரரின் பசுவும்

இந்தியாவின் இராசத்தான் மாநிலத்திலுள்ள பிக்கானேர் நகரில், 2023ஆம் ஆண்டு மே மாதம் 19ஆந் திகதி ஒரு பெண் குதிரைக்குட்டி பிறந்தது. அதன் நிறை 23 கிலோகிராம். அதனை ஈன்ற குதிரை அதன் உண்மைத் தாய் அன்று. மார்வாரி இனத்துப் பெண் குதிரையொன்றின் கருப்பையிலிருந்து, கருக்கட்டி ஏழரை நாளான முளையம் கழுவி எடுக்கப்பட்டு, வேறொரு குதிரையின் கருப்பையில் வைக்கப்பட்டது. அம்முளையமே வளர்ந்து குட்டியாயிற்று. இதனைச் செய்து முடித்தது இந்தியத் தேசியக் குதிரையின ஆராய்ச்சி நிலையம். குட்டிக்கு ‘இராஜ் பிரதமா’ என்று பெயரிட்டனர். இந்தியாவில் மார்வாரிக் குதிரையில் இம்முறையாற் பிறந்த முதற் குட்டி இதுவே. மறு ஆண்டில் அதே நிலையத்தார், திரவ நைதரசனில் உறையவைத்து இரண்டு மாதம் பாதுகாத்த முளையத்திலிருந்தும் ஒரு குட்டியைப் பெற்றனர்.

இரத்தோட்டைக் கமக்காரர் குதிரையை ஏரிற் பூட்டுவதில்லை, பாலுக்கும் வளர்ப்பதில்லை. இலங்கையிற் குதிரை என்றவுடன் நெடுந்தீவில் கட்டாக்காலியாய்த் திரியும் குதிரைகளே பலருக்கு நினைவில் வரும். ஆயினும் சினையின் தொடக்க நாட்களிற் கருப்பையினுள் நிகழ்வது யாது என்பதைக் குதிரை ஆராய்ச்சி மிகத் தெளிவாகக் காட்டியுள்ளது. தம் பசு ஏன் மீண்டும் மீண்டும் வேட்கைக்கு வருகின்றது என்று கவலையுறும் கமக்காரருக்கு அவ்வறிவு பயன்படும்.

குதிரையின் முளையம்

சூலகத்திலிருந்து வெளிப்படும் சூல், சூலகக் குழாயில் விந்தைச் சந்தித்துக் கருக்கட்டுகின்றது. குதிரையில் இம்முளையம் ஏறக்குறைய ஆறு நாள் அக்குழாயிலேயே தங்கியபின் கருப்பையினுள் இறங்கும். பிக்கானேரில் ஏழரை நாள் வரை காத்திருந்தமைக்குக் காரணம் இதுவே. அதற்கு முன் கழுவினாற் கருப்பையில் ஒன்றும் அகப்படாது.

இங்கே ஒரு புதுமை உண்டு. கருக்கட்டாத சூல் குதிரையிற் கீழே இறங்குவதில்லை. குழாயிலேயே பல மாதம் கிடந்து அழியும். கருக்கட்டியது மட்டுமே இறங்கும். இதனை 1966இல் தென்னாபிரிக்க ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினர். முளையம் தானே ஓர் இரசாயனப் பொருளைச் சுரந்து குழாயின் தசையைத் தளரச்செய்து வழி திறந்துகொள்கின்றது என்பது பிற்காலத்தில் அறியப்பட்டது. கடுகினும் சிறியதொரு பொருள் தாயின் உடலுக்குக் கட்டளையிடுகின்றது என்றால், அதனை வெறும் நீர்த்துளியாகக் கருதலாகாது.

கருப்பையில் இறங்கிய முளையம் ஓரிடத்தில் நிலைப்பதுமில்லை. குதிரையின் கருப்பை இரு கொம்புகளாகப் பிரிந்துள்ளது. உருண்டையான முளையம், உறுதியான மெல்லுறையொன்றாற் போர்த்தப்பட்டு, ஒரு கொம்பிலிருந்து மறு கொம்புக்கு ஒரே நாளிற் பலமுறை உருண்டு செல்லும். ஏறக்குறைய 16ஆம் நாள் வரை இந்த உலா நிகழும். அதன்பின்னரே ஓரிடத்தில் தங்கும். அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கின்தர் என்பார், கழியொலிக் கருவியின் உதவியால் 1980களில் இதனைக் கண்டு எழுதினார்.

ஏன் உலாவுகின்றது? முளையம் இருக்கின்றது என்னும் செய்தி கருப்பை முழுவதற்கும் எட்டவேண்டும் என்பதே காரணம். 1988இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், கருப்பையின் ஒரு பகுதியைக் கட்டி முளையத்தின் நடமாட்டத்தைத் தடுத்தனர். அக்குதிரைகளிற் சினை தரிக்கவில்லை. முளையம் உயிருடன் இருந்தும், அதன் செய்தி எட்டாத பகுதி ‘சினை இல்லை’ எனக் கொண்டு தன் வழக்கமான வேலையைத் தொடங்கிவிட்டது.

பசுவின் முளையம்

அவ்வழக்கமான வேலை யாதெனில்: சூல் வெளிப்பட்ட இடத்தில் மஞ்சட் சடலம் என்னும் திரள் உண்டாகிப் புரோஜெஸ்திரோன் என்னும் ஓமோனைச் சுரக்கும். சினையைக் காப்பது இந்த ஓமோனே. முளையத்தின் செய்தி கிடைக்காவிடின், கருப்பை வேறொரு பொருளைச் சுரந்து மஞ்சட் சடலத்தை அழித்துவிடும். காவல் நீங்கியவுடன் பசு மீண்டும் வேட்கைக்கு வரும். குதிரைக்கும் பசுவுக்கும் எருமைக்கும் இது பொது.

ஆனாற் செய்தி சொல்லும் முறை வேறு. பசுவின் முளையம் நாலைந்து நாளிலேயே கருப்பைக்கு வந்துவிடும். அங்கு குதிரையின் முளையம்போல் உலாவுவதில்லை. 13ஆம் நாளளவில் சில மில்லிமீற்றரே இருந்த அது, மூன்று நாலு நாளில் நூல்போல் நீண்டு 15 சென்ரிமீற்றரையும் கடக்கும். நீண்டு நீண்டு, கருப்பைச் சுவரெங்கும் ஒரு புரதத்தைச் சுரக்கும். செம்மறியாட்டின் முளையம் சுரக்கும் இத்தகைய புரதம் நோய்க்கிருமிகளை எதிர்க்கும் இன்ரபெரோன் வகையைச் சேர்ந்தது என்று 1987இல் மிசூரிப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். பசுவிலும் அதுவே தொழிற்படுகின்றது. 16, 17ஆம் நாளளவில் இச்செய்தி போதிய அளவிற் கிடைத்தாற் சினை நிலைக்கும். குதிரையின் முளையம் எப்பொருளாற் செய்தி அனுப்புகின்றது என்பதோ இன்றும் ஆராய்ச்சியாளருக்கு விளங்காத புதிராகவே உள்ளது.

ஆகவே சிறுத்த முளையமும், பிந்தி வளர்ந்த முளையமும் உயிருடன் இருந்தபோதே கைவிடப்படுகின்றன. மாட்டிற் பெரும்பாலான சூல்கள் கருக்கட்டுகின்றன; கன்றாய்ப் பிறப்பவையோ அவற்றினும் மிகக் குறைவு. இழப்பின் பெரும்பங்கு முதல் மூன்று வாரத்துள், எவர் கண்ணுக்கும் படாமல் நிகழ்கின்றது. ‘ஊசி பிடிக்கவில்லை’ என்றும், ‘காளை சரியில்லை’ என்றும் சொல்லப்படுபவற்றுட் பல உண்மையிற் சினைப்பட்டுக் கலைந்தவையே. ஒவ்வொரு தவறுதலும் கமக்காரருக்கு ஏறக்குறைய 21 நாளை இழக்கச் செய்கின்றது. மூன்று முறை தவறினால் இரண்டு மாதத்துப் பால் போயிற்று.

நேரம்

முளையம் பிந்துவதற்கு முதற் காரணம் பழைய சூல். பசுவின் வேட்கை 12 முதல் 18 மணித்தியாலமே நிற்கும். வேட்கை தணிந்து ஏறக்குறைய 12 மணித்தியாலத்தின் பின் சூல் வெளிப்படும். சூல் சில மணித்தியாலத்துள் வலிமை இழந்துவிடும். விந்து முன்னரே சென்று காத்திருத்தல் நன்று. காலையில் வேட்கை கண்டால் அன்று மாலையிலும், மாலையிற் கண்டால் மறுநாட் காலையிலும் சினைப்படுத்துவது தக்க முறை. குதிரையின் வேட்கையோ ஐந்து முதல் ஏழு நாள் நீடிக்கும். குதிரைக்காரருக்கு ஆறுதலாக யோசிக்க இடமுண்டு. பசு வைத்திருப்பவருக்கு அவ்வசதி இல்லை.

எருமையில் நிலை இன்னும் கடினம். அது கத்துவதும் ஏறுவதும் குறைவு. அறிகுறி பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் தோன்றும். இரவிற் கொட்டிலுக்கு ஒருமுறை விளக்கோடு சென்று பார்ப்பவரே எருமையின் வேட்கையைத் தவறாது காண்பர்.

குண்டசாலையிலுள்ள மத்திய செயற்கைச் சினைப்படுத்தல் நிலையத்திற் பொலிகாளைகளின் விந்து உறையவைத்துச் சேமிக்கப்படுகின்றது. விந்து சிறந்ததாயினும், வேட்கையைக் கண்டு உரிய நேரத்தில் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவித்தல் வீட்டாரின் கையிலேயே உள்ளது.

வெப்பமும் தீனியும்

சினைப்படுத்திய பின் முதற் சில நாளில் முளையம் வெப்பத்தைத் தாங்காது. தாயின் உடல் வெப்பம் ஒரு பாகை ஏறினாலும் கேடு விளையலாம். இரத்தோட்டையின் மேட்டுநிலங்கள், றிவர்ஸ்டன் பக்கமாக ஏற ஏறக் குளிர்ந்தவை. கீழுள்ள வயற்பகுதிகளில் வெயில் கடுமையானது. அங்குள்ளோர், சினைப்படுத்திய பசுவை உச்சி வெயிலில் தறியிற் கட்டிவைத்தலும், எருமையைச் சேறு மிதிக்க விடுதலும் கூடா. வயல் வேலை காத்திராது என்பது உண்மை. ஆயின் அந்த ஒரு வாரத்துக்கு வேறொரு மாட்டை இறக்கலாம், அன்றேல் வேலையை விடியற்காலையில் முடிக்கலாம். எருமைக்கு நண்பகலில் நீரிற் கிடக்க இடம் வேண்டும்.

மெலிந்த பசுவின் முளையம் பிந்தியே வளரும். கன்று ஈன்றபின் உடல் இளைத்துக்கொண்டே போகும் பசுவை, அவ்விளைப்பு நிற்கும் வரை தீனியாற் தேற்றுதல் முதல் வேலை. மரக்கறி பயிரிடுவோரிடம் கழிவிலைகள் மிகுதி. அவற்றைத் திடீரென்று ஒருநாட் குவித்துக் கொடாது, புல்லுடன் சிறிது சிறிதாகக் கலந்து கொடுத்தல் வேண்டும். அண்மையில் மருந்து தெளித்த இலையைத் தொழுவத்துக்குக் கொண்டுவருதலே கூடாது.

திகதி எழுதுதல்

தொழுவத்துச் சுவரில் ஒரு நாட்காட்டியைத் தொங்கவிட்டு, வேட்கை கண்ட நேரத்தையும் சினைப்படுத்திய நேரத்தையும் எழுதுக. 18ஆம் நாள் முதல் 24ஆம் நாள் வரை காலை, மாலை இருவேளையும் பசுவைக் கவனிக்குக. இக்காலத்துள் வேட்கை திரும்பினால், கருக்கட்டவில்லை, அன்றேல் முளையத்தின் செய்தி எட்டவில்லை என்று கொள்ளலாம். 30, 35 நாட் கழித்துத் திரும்பினாற் கதை வேறு: செய்தி எட்டிச் சினை நிலைத்துப் பின்னர் கலைந்திருத்தல் கூடும், இடையில் வந்த வேட்கை கவனிக்கப்படாமற் போயிருத்தலும் கூடும். மூன்று முறை சினைப்படுத்தியும் தரிக்காத பசுவைக் கால்நடை வைத்தியரிடம் காட்டும்பொழுது, இத்திகதிகளே அவருக்குப் பெரிய உதவி. ‘போன மாதம் ஒருநாள்’ என்று சொல்வதால் அவருக்கு ஒன்றும் விளங்காது.

சினையுற்ற பசுக்களுள்ளும் சில, வேட்கை அறிகுறியைக் காட்டுவதுண்டு. அதனைச் சினையில்லாப் பசு என எண்ணி மறுமுறை சினைப்படுத்தினால் உள்ளிருக்கும் கரு கலைந்துவிடலாம். முன்னர் சினைப்படுத்திய திகதியைச் சினைப்படுத்த வருபவரிடம் மறவாது கூறல் வேண்டும். வேட்கையை வரவழைக்கும் ஊசியும் அத்தகையதே. அது மஞ்சட் சடலத்தை அழிப்பது. சினையுற்ற பசுவுக்கு இட்டாற் கன்று போய்விடும். வைத்தியர் சோதியாமல் அதனை இடுவித்தல் ஆகாது.

வேட்கை திரும்பாமையை மட்டும் கொண்டு சினை என்று உறுதிகொள்ளலும் தவறு. சினைப்படுத்தி இரண்டு மாதங் கழிந்ததும் வைத்தியரைக் கொண்டு சோதிப்பிக்குக. சினை உறுதியானால், சினைப்படுத்திய நாளிலிருந்து பசுவுக்கு ஏறக்குறைய 280 நாளும், எருமைக்கு ஏறக்குறைய பத்து மாதமும் எண்ணி, ஈனும் நாளை அதே நாட்காட்டியிற் குறித்துவைத்தல் வேண்டும். பால் வற்றச்செய்யவேண்டிய நாள் அதற்கு இரண்டு மாதம் முந்தியது.